கடையை வாங்கினால் விசா கிடைக்குமா? இ-2 கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இ-2 பற்றியவை. அமெரிக்காவில் சின்னத் தொழில் ஒன்றை விலைக்கு வாங்கி, அதை நானே நடத்தப் போகிறேன் என்று சொல்லிக் கேட்கும் விசா. எழுதியவர்களில் பாதிப் பேர் தங்களிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்றே சொல்லவில்லை. போகிற ஊரைச் சொல்லாமல் டிக்கெட் கேட்பது போலத்தான் இது. இனிமேல் முதல் வரியிலேயே பாஸ்போர்ட்டை எழுதுங்கள்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட். கையில் 2 லட்சம் டாலர் இருக்கிறது. இ-2 கிடைக்குமா?

கிடைக்காது. இ-2 அமெரிக்காவோடு ஒப்பந்தம் உள்ள நாட்டுக்காரர்களுக்கு மட்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதற்கான ஒப்பந்தம் இல்லை. 2 லட்சம் இருந்தாலும் 20 லட்சம் இருந்தாலும் பதில் இதுதான். மலேசியாவுக்கும் இல்லை. இலங்கை, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்கு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலீட்டு வழி என்றால் ஈபி-5, பணம் போட்டுக் கிரீன் கார்டு எடுக்கிற வழி. அதற்கு இப்போதைக்குக் குறைந்தது 8 லட்சம் டாலர், 10 பேருக்கு முழுநேர வேலை. சொந்த நாட்டில் ஓடுகிற கம்பெனி வைத்திருப்பவர்கள், அதன் அமெரிக்கக் கிளைக்கு மாறிப் போகும் எல்-1 விசா பற்றி வக்கீலிடம் கேட்கலாம்.

கேள்வி: கரீபியத் தீவு நாடான கிரனடாவின் குடியுரிமையைப் பணம் கட்டி வாங்கினால் ஆறே மாதத்தில் இ-2 என்கிறார் ஏஜெண்ட். உண்மையா?

அவர் கையில் வைத்திருப்பது பழைய விளம்பரத் தாள். 2022 டிசம்பரில் சட்டம் மாறிவிட்டது. பணம் கட்டி ஒரு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இ-2 கேட்பதற்கு முன் அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று வருஷமாவது நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். துருக்கிக் குடியுரிமைக்கும் இதேதான். இந்த மூன்று வருஷத்தைப் பற்றி ஏஜெண்டிடம் கேளுங்கள். பேச்சை மாற்றினார் என்றால் நீங்கள் ஏஜெண்டை மாற்றுங்கள்.

கேள்வி: மனைவிக்குச் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட், எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். உணவகத் தொழிலில் 15 வருஷ அனுபவம் எனக்குத்தான். அவர் பள்ளி ஆசிரியை. அவர் பெயரில் வாங்கி நான் நடத்தலாமா?

முதலீட்டாளர் உங்கள் மனைவி. குறைந்தது பாதிப் பங்கு அவர் பெயரில் இருக்க வேண்டும், தொழிலை வழிநடத்துபவரும் அவராகவே இருக்க வேண்டும். நீங்கள் கணவராகக் கூடப் போகலாம், அங்கே வேலையும் செய்யலாம். 2021 நவம்பரிலிருந்து இ-2 காரரின் கணவன் அல்லது மனைவி தனியாக வேலை அனுமதி அட்டை வாங்கத் தேவையில்லை. நாட்டுக்குள் நுழையும்போது போடும் ஐ-94 பதிவில் 'இ-2எஸ்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் பினாமி வாடை அடிக்கிறது. இன்டர்வியூவில் அதிகாரி உங்கள் மனைவியிடம்தான் கேட்பார்: வாடகை எவ்வளவு, எத்தனை பேருக்குச் சம்பளம், முதல் வருஷ விற்பனைக் கணிப்பு என்ன? "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று உங்களைப் பார்த்தால் கதை முடிந்தது. ஆசிரியை உணவகம் நடத்தக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. வரவு செலவு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: குறைந்தபட்ச முதலீடு எவ்வளவு? ஒரே எண்ணாகச் சொல்லவும்.

ஒரே எண் சட்டத்தில் இல்லை. தொழிலின் விலையில் எத்தனை பங்கு நீங்கள் போட்டீர்கள் என்று பார்ப்பார்கள். விலை குறையக் குறைய அந்தப் பங்கு கூட வேண்டும். 1 லட்சம் டாலர் கடை என்றால் ஏறக்குறைய முழுப் பணமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நடைமுறையில் 1 லட்சத்துக்குக் கீழே போக வக்கீல்கள் தயங்குவார்கள். இன்னொன்று: வங்கியில் சும்மா கிடக்கும் பணம் முதலீடு ஆகாது. அது தொழிலில் இறங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: இலங்கைப் பாஸ்போர்ட். பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை ஒன்றைப் புரோக்கர் காட்டுகிறார். "விசாவுக்கென்றே தயாராக இருக்கும் கடை" என்கிறார். விலை 3 லட்சத்து 20 ஆயிரம் டாலர். வருஷ லாபம் 1 லட்சத்து 20 ஆயிரமாம். ஆனால் வரிக் கணக்கில் 30 ஆயிரம்தான் இருக்கிறது. மீதி கேஷாக வருகிறது, எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்தக் கேள்வி எனக்கு வருஷா வருஷம் வருகிறது, ஒவ்வொரு முறையும் கோபமும் கூடவே வருகிறது. ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

"விசாவுக்குத் தயாரான கடை" என்று ஒரு சரக்கு உலகத்தில் கிடையாது. விசா கடைக்குக் கொடுக்கப்படுவதில்லை. உங்களையும், உங்கள் பணம் வந்த வழியையும், தொழிலின் கணக்கையும் பார்த்து உங்களுக்குக் கொடுக்கப்படுவது. அந்த வார்த்தையைக் கேட்டதுமே புரிந்துகொள்ளுங்கள்: உள்ளூரில் யாரும் தொடாத கடையை, அவசரத்தில் இருக்கிற வெளிநாட்டுக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். புரோக்கருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர், சின்னத் தொழில்களில் சுமார் 10 சதவீதம். அவர் உங்கள் ஆள் இல்லை.

அடுத்தது அந்த கேஷ் கதை. விற்பவர் சொல்வதன் பொருள் என்ன? "என் அரசாங்கத்திடம் வருஷா வருஷம் பொய் சொன்னேன், உங்களிடம் மட்டும் உண்மை சொல்கிறேன்." இதை நம்பி 3 லட்சம் கொடுப்பீர்களா? ஒரு பேச்சுக்கு அது உண்மையே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல்தான். தூதரக அதிகாரி பார்க்கப்போவது வரிக் கணக்கை. உங்கள் குடும்பம் வயிறு கழுவுவதற்கு மேல் இந்தத் தொழிலால் எதுவும் தர முடியுமா என்பது இ-2வின் முக்கியக் கேள்வி. 30 ஆயிரம் லாபத்தைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. மறைத்த லாபத்துக்கு விலை கொடுத்துவிட்டு, காட்டிய லாபத்தை வைத்து விசா கேட்கப் போகிறீர்கள். இரண்டு பக்கமும் நஷ்டம். மறைத்த விற்பனைக்குக் கட்டாத விற்பனை வரி, பல மாநிலங்களில் கடையை வாங்கியவர் தலையிலேயே விழும். மாநில வரித் துறையிடமிருந்து பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வராமல் எந்தக் கடையையும் வாங்காதீர்கள்.

கணக்கைச் சரிபார்க்க வழி இருக்கிறது. மூன்று வருஷ வரிக் கணக்கை விற்பவர் கையிலிருந்து வாங்காதீர்கள். 4506 படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி, அமெரிக்க வருமான வரித் துறையிடமிருந்தே நகல் எடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றைக்கே எழுந்து வந்துவிடலாம். பெட்ரோல் கம்பெனி எத்தனை கேலன் இறக்கியது, சிகரெட், பீர் மொத்த வியாபாரி எவ்வளவுக்கு பில் போட்டார், கார்டு மெஷினில் எவ்வளவு ஓடியது என்று கேட்டு வாங்குங்கள். பில் பொய் சொல்வது கடினம். மொத்த விற்பனை என்று பெரிய எண்ணைக் காட்டினால் அதில் லாட்டரி எவ்வளவு என்று கேளுங்கள். டிக்கெட் விற்ற முழுப் பணத்தையும் விற்பனையில் சேர்த்துக் காட்டுவார்கள். கடைக்காரருக்கு அதில் மிஞ்சுவது 5, 6 சதவீதக் கமிஷன். பெட்ரோலும் அப்படித்தான். கார்டு கட்டணம் போனால் கேலனுக்குச் சில சென்ட் நிற்கும். உண்மையான லாபம் கடைக்குள் விற்கும் சாமான்களில்தான் இருக்கிறது.

பங்க் என்பதால் இன்னொரு பூதமும் உண்டு, மண்ணுக்கடியில். பழைய தொட்டி கசிந்து மண் கெட்டிருந்தால் சுத்தம் செய்யும் செலவு கடை விலையையே தாண்டலாம். 'ஃபேஸ் ஒன்' என்கிற சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கைக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் அதை மிச்சம் பிடித்தார். விசாவும் கிடைத்தது. இரண்டாம் வருஷம் தொட்டிப் பிரச்சினையில் கடை போயிற்று, கடையோடு விசாவும் போயிற்று.

இந்த மாதிரிக் கடைகள் பொதுவாக உரிமையாளர் வருமானத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்குக்குக் கைமாறும். காட்டிய 30 ஆயிரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 3 லட்சத்து 20 ஆயிரம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

கேள்வி: விசா வரும் முன்பே முழுப் பணத்தையும் கொடுக்கச் சொல்கிறார் விற்பவர். விசா மறுத்துவிட்டால்?

எஸ்க்ரோ, எஸ்க்ரோ, எஸ்க்ரோ. இரு தரப்பையும் சேராத மூன்றாம் ஆள் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் கணக்கு அது. முழுப் பணத்தையும் எஸ்க்ரோ கணக்கில் போட்டு, "விசா வந்தால் பணம் விற்பவருக்கு, மறுத்தால் வாங்குபவருக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இ-2 விதிகளே இதை ஏற்கின்றன. திரும்பப் பெற முடியாதபடி பணத்தை ஈடுபடுத்தியதாகவே எடுத்துக்கொள்வார்கள். விசாவைத் தவிர வேறு நிபந்தனையை அதில் நுழைக்காதீர்கள். இதற்கு ஒப்பாத விற்பனையாளர் அவசரக்காரர், அவசரம் எதற்கு என்று விசாரியுங்கள்.

கேள்வி: பாதிப் பணம் என்னுடையது, மீதியை விற்பவரே கடையை அடமானமாக வைத்துக்கொண்டு தவணையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். கணக்கில் சேருமா?

உங்கள் பாதி சேரும், அவருடையது சேராது. வாங்குகிற தொழிலையே ஈடு வைத்த கடன் முதலீடு ஆகாது. உங்கள் சொந்த வீட்டின் மீது வாங்கிய கடன் சேரும், ஏனென்றால் தொழில் கவிழ்ந்தால் இழப்பு உங்களுக்கு.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறார். இருவருக்கும் இலங்கைப் பாஸ்போர்ட். அவருக்கு 60, எனக்கு 40 என்று பங்கு. சரிதானே?

சரியில்லை. கிரீன் கார்டு எடுத்தவரின் பங்கு ஒப்பந்த நாட்டுக்காரர் கணக்கில் வராது, பாஸ்போர்ட் எதுவாக இருந்தாலும். குறைந்தது 50 உங்கள் பெயரில் இருக்க வேண்டும். சரிபாதி போதும். அண்ணன் தம்பிக்குள் 51, 49 என்று சண்டை வேண்டாம்.

கேள்வி: இரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் இ-2 கிடைக்குமா?

கிடைக்காது. அது தொழில் நடத்துவதில் சேராது, சொத்து வைத்திருப்பது.

கேள்வி: பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பத்து வருஷமாகத் துபாயில் இருக்கிறேன். இ-2 கிடைக்குமா?

பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் பிரிட்டனில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாக இருக்கிறது. முதலில் வக்கீல், பிறகு கடை.

கேள்வி: புது பிரான்சைஸ் எடுப்பது பழைய கடையை வாங்குவதைவிடப் பாதுகாப்பா?

பெயர்ப் பலகை பாதுகாப்பு தராது. கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்னால் பிரான்சைஸ் விவர ஆவணத்தை உங்களிடம் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 23 பகுதிகள் இருக்கும், எவரும் படிப்பதில்லை. 19-ம் பகுதியில் வருமான விவரம் இருக்கிறதா பாருங்கள். அது கட்டாயம் இல்லை, பலர் எண் எதுவும் தராமல் விட்டிருப்பார்கள். 20-ம் பகுதியில் விலகிப் போனவர்களின் தொடர்பு விவரம் இருக்கும். அவர்களில் ஐந்து பேருக்காவது போன் போடுங்கள். இப்போது நடத்துகிறவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள், கடையை விற்க வேண்டுமே!

கேள்வி: ஐந்து வருஷ விசா கொடுத்தார்கள். விமான நிலையத்தில் இரண்டு வருஷம் என்று போட்டுவிட்டார்கள். தவறா?

தவறில்லை. விசா என்பது வாசல் கதவுச் சாவி, எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 சொல்லும். இ-2வில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் இரண்டு வருஷம் போடுவார்கள். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதியோடு வெட்டிவிடுவதும் உண்டு. தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விசாவின் தேதியை நம்பிக் காலம் கடந்து தங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: மகளுக்கு 17 வயது. இ-2வில் போய் சில வருஷத்தில் கிரீன் கார்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

யார் சொன்னது? இ-2 எத்தனை முறை புதுப்பித்தாலும் தானாகக் கிரீன் கார்டாக மாறாது. மகளுக்கு 21 ஆனதும் உங்கள் விசாவின் நிழலிலிருந்து வெளியேறிவிடுவார், அதன் பிறகு மாணவர் விசா போன்று அவருக்கென்று ஒரு வழி வேண்டும். அதுவரை படிக்கலாம், வேலை செய்ய முடியாது. உங்களிடம் நான்கு வருஷம் இருக்கிறது. கடை தேடுவதற்கு முன் இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போடுங்கள்.

கேள்வி: அமெரிக்கா வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 188 என்கிற தொழில் விசா, ஜப்பானில் 50 லட்சம் யென் போட்டுத் தொழில் விசா, இரண்டில் எது சுலபம்?

188 புது விண்ணப்பங்களுக்கு 2024 ஜூலையோடு மூடப்பட்டது. ஜப்பான் 2025 அக்டோபரில் 50 லட்சத்தை 3 கோடி யென்னாக உயர்த்தி, முழுநேர ஊழியர் ஒருவரும் கட்டாயம் என்றாக்கிவிட்டது. நீங்கள் படித்த குறிப்பு எந்த வருஷத்தது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: சலவைக் கடை ஒன்றுக்கு 20 ஆயிரம் டாலர் முன்பணம் கொடுத்து, போன வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். லீஸ் இன்னும் 14 மாதம்தான் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்வது?

லீஸைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்குத் திட்ட இடம் போதவில்லை. சலவைக் கடையில் மெஷின்களைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்க முடியாது, லீஸ்தான் கடை. ஒப்பந்தத்தில் சரிபார்ப்புக் காலம் என்று ஒரு பத்தி இருக்கும், பெரும்பாலும் சில வாரங்கள். அது எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். முடியவில்லை என்றால், கட்டட உரிமையாளர் ஐந்து வருஷமாவது நீட்டித்து உங்கள் பெயருக்கு எழுதித் தந்தால்தான் வாங்குவேன், இல்லாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னால் செல்லாது. அந்த 20 ஆயிரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்க்ரோவில் இருந்தால் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. விற்பவர் கையில் நேரடியாகக் கொடுத்திருந்தால், கடிதம் எழுதும் முன் வக்கீலைப் பாருங்கள்.