எழுத்தா, எண்ணா? மட்லப், ஒக்டேவ் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாம் மட்லப், ஒக்டேவ் என்ற இரண்டு கணிப்பு மென்பொருள்களிலும் எழுத்துச் சரங்களை, அதாவது எழுத்துகளின் தொடர்களை, கையாள்வது பற்றியவை. கட்டளைப் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

வாழைச்சேனை: அண்ணா, இரண்டு பைல்களில் உள்ள ஊர்ப் பெயர்களை ஒப்பிடுகிறேன். ‘கொக்கட்டிச்சோலை’ கண்ணுக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒப்பிடும் கட்டளையான ஸ்டர்கம்ப் 0, அதாவது ஒன்றல்ல, என்கிறது. ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் ஸ்டர்ட்ரிம் போட்டும் பார்த்தேன்.

கண்ணை நம்பாதீங்க தங்கச்சி, எண்ணைப் பாருங்க. மட்லப்பில் ‘டபிள்(பெயர்)’ என்று இரண்டுக்கும் அடியுங்கள், குறிகளின் எண்கள் வரும். ஒன்றில் 15 எண் வரும், மற்றதில் 17 வரும். முதல் எழுத்தான ‘கொ’ ஒன்றில் 2965, 3018 என்று இருக்கும். மற்றதில் 2965, 3014, 3006. முதலாவதில் ஒகரக் குறி ஒரே துண்டு. இரண்டாவதில் கொம்பும் காலும் தனித்தனி. ‘சோ’விலும் இதே கதைதான், அதனால்தான் இரண்டு எண் கூட வருகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையின்படி இரண்டும் சரிநிகரானவை, ஆனால் ஸ்டர்கம்ப் எண்களை மட்டும்தான் பார்க்கும்.

ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பைலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள் (‘பெ’ என்பது பெயர்; ஸ்டர்ரெப் ஒரு துண்டைத் தேடி மாற்றும், கேர் எண்ணை எழுத்தாக்கும்):

பெ = ஸ்டர்ரெப்(பெ, கேர்([3014 3006]), கேர்(3018));
பெ = ஸ்டர்ரெப்(பெ, கேர்([3015 3006]), கேர்(3019));
பெ = ஸ்டர்ரெப்(பெ, கேர்([3014 3031]), கேர்(3020));

மூன்றாவது வரி ஔகாரக் குறிக்கு. சிலர் அந்த இடத்தில் ளகரத்தையே (2995) தட்டியிருப்பார்கள். அதையும் இதேபோலக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘கெளிறு’ மீன் கெட்டுப்போகும், ஏனென்றால் அங்கே கொம்புக்குப் பின் வருவது உண்மையான ளகரம். அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

ஒக்டேவில் கேர்(3018) வேலை செய்யாது. அங்கே சரம் யூடிஎப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டுகளாக இருக்கிறது, ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். கொம்பும் காலும் [224 175 134 224 174 190], ஒகரக் குறி [224 175 138]. இந்த எண்களை கேருக்குள் போட்டு அதே ஸ்டர்ரெப்பை எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடி: ‘மட்டக்களப்பு’ எத்தனை எழுத்து? நீளம் சொல்லும் லெங்த் மட்லப்பில் 12, ஒக்டேவில் 36 என்கிறது. நான் எண்ணினால் 8.

மூன்றும் சரி. மட்லப் குறிகளை எண்ணுகிறது, அதில் மூன்று புள்ளியும் ஓர் உகரக் குறியும் சேர்த்தி. ஒக்டேவ் பைட்டை எண்ணுகிறது. நீங்கள் எண்ணுவது உயிரும் மெய்யும் மட்டும். மட்லப்பில் அந்த 8 வேண்டுமென்றால்: சம்(பெ >= 2947 & பெ <= 3001). ஃ முதல் ஹ வரை அந்த எல்லைக்குள் அடங்கும். ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்தை இரண்டாக எண்ணும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒக்டேவில் பெ(1:4) என்று வெட்டினால் இரண்டாவது எழுத்தின் நடுவில் கத்தி விழும், திரையில் பெட்டி பெட்டியாக வரும்.

கல்முனை: சேர், நாளாந்த மழைவீழ்ச்சி பைலை வரி வரியாக வாசித்து ஸ்டர்ஸ்பிளிட்டால் காற்புள்ளியில் பிரிக்கிறேன். அளக்காத நாள் வெறுமையாக இருக்கும். பிரித்த பிறகு சில வரிகளில் நிரல்கள் இடப்பக்கம் நகர்ந்துவிடுகின்றன.

‘12.4,,0,38.6’ என்ற வரியில் நான்கு துண்டு இருக்க வேண்டும். ஸ்டர்ஸ்பிளிட் மூன்றுதான் தரும். அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவது அதன் இயல்பு. கட்டளையின் கடைசியில் ‘கொலாப்ஸ்டிலிமிட்டர்ஸ்’, ஃபோல்ஸ் என்று சேர்த்தால் நான்கும் வரும். புதிய மட்லப்பில் இருக்கும் ‘ஸ்பிளிட்’ இப்படிச் சேர்க்காது.

பிறகு எழுத்தை எண்ணாக்கும் ஸ்டர்-2-டபிள் போடுங்கள், வெறுமை என்.ஏ.என், அதாவது ‘எண் அல்ல’, ஆகும். அதை 0 ஆக்கிவிடாதீர்கள். மழை பெய்யாத நாள் வேறு, அளக்காத நாள் வேறு. மார்கழியில் நாலு நாள் அளக்காமல் விட்டதை 0 என்று கூட்டினால் மாதத்தின் மொத்தமே பொய்.

அக்கரைப்பற்று: அண்ணா, நெல் விலை நிரலில் ‘ரூ.1,250.50’ என்று இருக்கிறது. எண்ணாக்க ஸ்டர்-2-நம் நல்லதா, ஸ்டர்-2-டபிள் நல்லதா?

ஸ்டர்-2-நம் பக்கமே போகாதீங்க. அது கொடுத்த எழுத்தைக் கட்டளையாக ஓட்டிப்பார்க்கிறது. ‘1,250’ கொடுத்தால் 1, 250 என்று இரண்டு எண் வரும். ‘12/03’ என்ற திகதியைக் கொடுத்தால் வகுத்து 4 என்று சொல்லும். நிரலுக்குள் யாராவது ஒரு கட்டளைப் பெயரை எழுதி வைத்திருந்தால் அதுவும் ஓடும். ஸ்டர்-2-டபிள் காற்புள்ளியை ஆயிரப் பிரிப்பானாக எடுத்து 1250 தரும், புரியாததை என்.ஏ.என் ஆக்கும்.

‘ரூ.’வை நீக்குவதில் ஒரு குழி இருக்கிறது. இலக்கமும் புள்ளியும் தவிர மற்றதெல்லாம் போகட்டும் என்று, வடிவம் பார்த்து மாற்றும் ரெஜெக்ஸ்ப்-ரெப் எழுதினால் ‘ரூ’ போய்விடும், பின்னாலுள்ள புள்ளி நிற்கும். மிச்சம் ‘.1250.50’, விடை என்.ஏ.என். முதலில் ஸ்டர்ரெப்பால் ‘ரூ.’ என்பதைப் புள்ளியோடு சேர்த்து எடுங்கள்.

கல்லடி: வாவியில் மாதிரி எடுத்த இடங்களின் நெடுங்கோடு 81.704512 போன்றது. எண்ணை எழுத்தாக்கும் நம்-2-ஸ்டரால் எழுதினால் 81.7045 ஆகிறது.

அது தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிற்கும். நான்காவது இலக்கம் நிலத்தில் ஏறத்தாழ 11 மீற்றர், வாவிக் கரைக்கு அது பெரிய பிழை. எஸ்-பிரின்ட்-எப்(‘%.6எப்’, நெ) என்று எழுதுங்கள்.

பொத்துவில்: 5 என்ற எழுத்தோடு 1ஐக் கூட்டினால் ஒரு இடத்தில் 54, இன்னொரு இடத்தில் 51. ஏன்?

ஒற்றை மேற்கோளில் ‘5’ என்பது 53 என்ற குறியீட்டு எண், 1 கூட்ட 54. மட்லப்பில் இரட்டை மேற்கோள் ஸ்டிரிங் வகை. அங்கே கூட்டல் என்றால் ஒட்டுவது, அதனால் 51. ஒக்டேவில் இரண்டு மேற்கோளுக்கும் 54தான்.

ஏறாவூர்: 065இல் தொடங்கும் தொலைபேசி இலக்கங்களில் முன்னாலுள்ள 0 காணாமல் போகிறது.

எண்ணாக வாசிக்காதீர்கள். மட்லப்பில் டிடெக்ட்-இம்போர்ட்-ஒப்ஷன்ஸ் எடுத்து, செட்-வார்-டைப்பால் அந்த நிரலை ஸ்டிரிங் என்று சொல்லிவிட்டு ரீட்-டேபிள் போடுங்கள்.

திருக்கோவில்: பழைய அலுவலகப் பைல்கள், ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. காற்புள்ளியில் பிரிக்கும் சீஎஸ்வியாக எடுத்து யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். சில பெயர்கள் இரண்டாக உடைகின்றன, கொம்புள்ள எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன.

உடைவது ‘இ’யில் தொடங்கும் பெயர்கள்தானே? பாமினியில் இகரம் இருப்பது ஆங்கிலக் காற்புள்ளி விசையில். ‘இலங்கை’ வந்த இடமெல்லாம் சீஎஸ்வி வெட்டும். அரைப்புள்ளியில் பிரிக்கவும் முடியாது, அது பாமினியின் மெய்ப்புள்ளி. டாப் பிரித்த பைலாக எடுங்கள்.

அடுத்தது கொம்பு. பாமினி கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் எழுதுகிறது: ‘கொ’ என்றால் கொம்பு, க, கால். யூனிகோட்டில் மெய் முதலில் வர வேண்டும். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணையைத் தொடுவதற்கு முன்பே, ரெஜெக்ஸ்ப்-ரெப்பால் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் பின்னாலுள்ள மெய்யோடு இடம் மாற்றுங்கள். பிறகு ‘கொம்பு+கால்’ சோடியை ஒகரக் குறியாக்குங்கள், தனிக் கொம்பை அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். நீளமானது முதலில், குறுகியது கடைசியில்.

தேடலை இலகுவாக்க என்று, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் ‘லோவர்’ போட்டுவிடாதீங்க. பாமினியில் சிறிய எப் ‘க’, பெரிய எப் ‘கு’. ஒரே கட்டளையில் ‘குருக்கள்மடம்’ ‘கரக்கள்மடம்’ ஆகி நிற்கும். ஆங்கிலமும் இலக்கமும் உள்ள நிரல்களை இந்த மாற்றத்துக்குள் விடவும் கூடாது.

செங்கலடி: முதல் நிரலின் தலைப்பு மட்டும் பொருந்துவதில்லை. மற்ற எல்லாம் பொருந்துகின்றன.

அந்தத் தலைப்புக்கு டபிள் போட்டால் முதல் எண் 65279 ஆக இருக்கும், ஒக்டேவில் 239 187 191. பைலின் தொடக்கத்தில் சில மென்பொருள்கள் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி அது. வெட்டிவிடுங்கள் (‘த’ என்பது தலைப்பு): மட்லப்பில் த(1) = [], ஒக்டேவில் த(1:3) = [].