அமெரிக்க ஓபன் வீல் (சக்கரங்கள் மூடாமல் வெளியே தெரியும்) கார் ரேஸின் பொற்காலம் எது? அதைப் பார்த்தவர்கள் இன்னும் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

என்னைக் கேட்டால் 1989 முதல் 1995 வரை. கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் 1999 வரை இழுக்கலாம். ஆனால் 1996க்கு அப்புறம் நடந்த நல்லதெல்லாம் பாகப்பிரிவினை முடிந்த வீட்டில் ஒரு பங்காளி மட்டும் கொண்டாடிய பொங்கல் மாதிரி, சந்தோஷம் இருந்தது, பாதிப் பேர் இல்லை. அறுபதுகளைத்தான் பொற்காலம் என்கிறவர்களும் உண்டு. ஏ.ஜே. ஃபாய்ட், ஜிம் கிளார்க், டான் கர்னி, எஞ்சின் முன்னாலிருந்து பின்னால் போன காலம், எல்லாம் சரிதான். ஆனால் 1964 இண்டியானாபொலிஸ் 500இல் இரண்டாவது லேப்பிலேயே (தளத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு லேப்) இரண்டு டிரைவர்களைத் தீ கொண்டுபோனது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (தொண்ணூறுகளிலும் சாவு இல்லாமல் இல்லை, அதற்கும் வருகிறேன்.)

ஃபார்முலா ஒன் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இண்டியானாபொலிஸ் 500 என்பது 1911இல் தொடங்கிய ரேஸ், தளம் அப்போது ஹல்மன்-ஜார்ஜ் குடும்பத்துச் சொத்து, அங்கே விதிகளைப் பார்த்துக்கொண்டது யூசாக் என்ற அமைப்பு. பரிசுப் பணம் போதவில்லை, விளம்பரம் சரியில்லை, எங்களை யாரும் கேட்பதில்லை என்று டீம் முதலாளிகளுக்கு நெடுநாள் குறை. டீம் முதலாளியாகியிருந்த அதே கர்னி 1978இல் அதையெல்லாம் எழுதிச் சக முதலாளிகளுக்கு அனுப்பினார். 1979இல் ரோஜர் பென்ஸ்கே, பாட் பேட்ரிக் முதலானோர் சேர்ந்து கார்ட் என்ற தனித் தொடரையே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, வருடம் முழுக்க கார்ட், மே மாதம் மட்டும் எல்லோரும் இண்டியானாபொலிஸ் போய் வேறொருவர் விதிப்படி ஓட்டவேண்டும். இந்த இரட்டை ஆட்சிதான் அந்தக் காலத்தின் பல வேடிக்கைகளுக்கும் காரணம், கடைசியில் அதைக் கெடுத்ததும் அதுவே.

சரி, என்னதான் விசேஷம்? வேகம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். ஒரே டிரைவர் ஒரே வருடத்தில் என்னென்ன ஓட்டவேண்டியிருந்தது என்பதுதான் முதல். லாங் பீச்சில் நகரத் தெருக்கள், இருபக்கமும் கான்கிரீட் சுவர். மில்வாக்கியில் அதிகம் சரிவில்லாத ஒரு மைல் ஓவல், அதாவது முட்டை வடிவத் தளம். மிச்சிகனில் நன்றாகச் சரிந்த இரண்டு மைல் ஓவல், அங்கே 500 மைல். விஸ்கான்சின் காட்டுக்குள் ஒரு லேப்பே நான்கு மைல் நீளும் ரோடு அமெரிக்கா. ஆஸ்திரேலியாவில் கடலோரமாக சர்ஃபர்ஸ் பாரடைஸ். கிளீவ்லாண்டில் விமான நிலையத்தையே மூடிவிட்டு ஓடுபாதையில் ரேஸ். இதில் ஒன்றில் கெட்டிக்காரனாக இருந்து பிரயோஜனமில்லை. ஓவலில் சுவரோரம் 370 கிலோமீட்டர் வேகத்தில் காலை எடுக்காமல் இருக்கத் தெரிந்தவன் அடுத்த வாரம் தெருமுனையில் இரண்டாவது கியரில் திரும்பவும் தெரிந்திருக்கவேண்டும்.

கிளீவ்லாண்டை மட்டும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒஹையோவில் படித்துக்கொண்டிருந்தபோது அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனான். விமான நிலையம் என்பதால் மரமோ மேடோ கிடையாது, கேலரியில் உட்கார்ந்தால் தளம் கிட்டத்தட்ட முழுவதுமே கண்ணுக்குத் தெரியும். முதல் திருப்பம் அகலமோ அகலம், பச்சைக் கொடி விழுந்ததும் ஆளுக்கொரு வழி பிடித்து ஒரே இடத்தில் வந்து முட்டுவார்கள். டர்போ என்பதால் சத்தம் ஃபார்முலா ஒன் மாதிரி காதைக் கிழிக்காது, அடித்தொண்டையில் ஒரு உறுமல், அவ்வளவுதான். எரிபொருள் மெத்தனால், புகை கண்ணை எரிக்கும். அதில் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது, பிட்டில் (ரேஸ் நடுவே எரிபொருள் போட, டயர் மாற்ற நிறுத்தும் இடம்) ஒருவன் காரணமில்லாமல் குதித்துக் கையை உதறினால் அவன் எரிகிறான் என்று அர்த்தம். 1981 இண்டியானாபொலிஸ் 500இல் டிரைவர் ரிக் மியர்ஸுக்கும் அவர் பிட் ஆட்களுக்கும் அதுதான் நடந்தது. நல்லவேளை, மெத்தனால் தீ தண்ணீருக்கு அடங்கும்.

அப்புறம் ஆட்கள். 1992இல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆன நைஜல் மேன்செல், வில்லியம்ஸ் டீமை விட்டுவிட்டு நேராக அமெரிக்கா வந்து நியூமன்-ஹாஸ் காரில் உட்கார்ந்தார் (அந்த நியூமன் நடிகர் பால் நியூமன்தான்). முதல் ரேஸே வெற்றி. அடுத்து ஃபீனிக்ஸ் ஓவலில் பயிற்சியின்போது பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதினார். அத்தோடு ஓவல் வேண்டாம் என்று போயிருக்கலாம். மனுஷன் அந்த வருடம் ஜெயித்த ஐந்து ரேஸ்களில் நான்கு ஓவல்தான், வந்த முதல் வருடமே சாம்பியன். உலகச் சாம்பியன் ஒருவர் பட்டத்தோடு கிளம்பி இன்னொரு தொடருக்கு வருகிறார் என்பதே அந்தத் தொடரின் மதிப்பு என்ன என்று சொல்லிவிடும். 1992 டிசம்பரில் அயர்டன் சென்னாகூட அரிசோனாவில் பென்ஸ்கே காரை ஓட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து ஃபார்முலா ஒன்னில் மெக்லாரன் டீமுக்குப் போன மைக்கேல் ஆண்ட்ரெட்டி ஒரு சீசனை முடிக்காமலே திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் அந்தக் காலத்தை ஒரே ஒரு கதையில் சொல்லச் சொன்னால் 1994 பென்ஸ்கே எஞ்சின் கதையைத்தான் சொல்வேன். சாதாரண கார் எஞ்சினை அடிப்படையாக வைத்து ரேஸ் எஞ்சின் செய்யும் சிறு பட்டறைகள் பிழைக்கட்டும் என்று யூசாக் ஒரு சலுகை வைத்திருந்தது. புஷ்ராடு வகை எஞ்சின் (வால்வுகளைத் தண்டு தள்ளித் திறக்கும் பழைய பாணி) என்றால் 2.65 லிட்டருக்குப் பதில் 3.4 லிட்டர் வரை போகலாம், டர்போ அழுத்தமும் 45 பாதரச அங்குலத்துக்குப் பதில் 55. ஆனால் காலப்போக்கில் விதியிலிருந்து ‘சாதாரண கார் எஞ்சின்’ என்ற நிபந்தனை கழன்றுபோய்விட்டது, புஷ்ராடு இருந்தால் போதும். பென்ஸ்கேவும் இங்கிலாந்திலிருந்த இல்மோர் ஆட்களும் இதைக் கவனித்தார்கள். ரேஸுக்கென்றே புதிதாக ஒரு புஷ்ராடு எஞ்சினைச் சில மாதங்களில் ரகசியமாகச் செய்து முடித்தார்கள், பெயர் மெர்சிடிஸ். மற்றவர்களைவிட சுமார் இருநூறு குதிரைசக்தி கூடுதல். கார்ட் விதியில் இதற்கு இடமில்லை, ஆக வருடத்தில் ஒரே ஒரு ரேஸுக்காக ஒரு முழு எஞ்சின். எமர்சன் ஃபிட்டிபால்டி எல்லோரையும் ஒரு லேப் பின்தள்ளி, மிச்சமிருந்த தன் டீம்காரர் அல் அன்சர் ஜூனியரையும் லேப் போடப் பார்த்து, இன்னும் 15 லேப் இருக்கையில் நான்காவது திருப்பத்தில் சுவரில் இடித்தார். ஜூனியர் ஜெயித்தார்.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த வருடம்தான். விதியை இறுக்கி அந்த எஞ்சினை ஒழித்துவிட்டார்கள். 1995இல் அதே பென்ஸ்கே, அதே ஜூனியர், அதே ஃபிட்டிபால்டி, மே மாதம் முழுக்க எதை எதையோ மாற்றிப் பார்த்தும், கடன் வாங்கிய லோலா காரில் ஓட்டியும் வேகம் வரவில்லை, 33 பேரில் ஒருவராகக்கூட நுழைய முடியவில்லை. போன வருடம் ஊரையே அடித்தவர்கள் இந்த வருடம் வேடிக்கை பார்த்தார்கள். பணம் இருந்தால் எப்போதும் ஜெயிக்கலாம் என்பது அங்கே செல்லுபடியாகவில்லை. அந்த வருடம் ஜெயித்தவர் ஜாக் வில்நேவ், அதுவும் இரண்டு லேப் தண்டனை வாங்கி, அதை மீட்டு. இரண்டு வருடத்தில் அவர் ஃபார்முலா ஒன் சாம்பியன்.

இப்போது சண்டைக்கு வருவோம். இண்டியானாபொலிஸ் தளத்தின் தலைவர் டோனி ஜார்ஜ் 1996இல் ஐஆர்எல் என்ற சொந்தத் தொடரைத் தொடங்கி, 500இன் 33 இடங்களில் 25ஐத் தன் தொடர்க்காரர்களுக்கென்று ஒதுக்கினார். கார்ட் டீம்கள் ரோஷப்பட்டுக்கொண்டு அதே மே 26 அன்று மிச்சிகனில் போட்டி ரேஸ் வைத்தார்கள். உண்மையான டிரைவர்கள் எங்களிடம்தான் என்று மார்தட்டியவர்கள், பச்சைக் கொடி விழுவதற்கு முன்பே ஒருவர்மேல் ஒருவர் மோதிப் பத்துப் பன்னிரண்டு கார்களை நொறுக்கிக்கொண்டார்கள். எதிராளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய ரசிகர்கள் ஜார்ஜை மட்டும் வில்லனாக்குவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அவர் சொன்ன குறைகளில் பாதி உண்மை. செலவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, தொடரை நடத்துகிறவர்களும் அதில் போட்டியிடுகிறவர்களும் ஒரே ஆட்கள், அமெரிக்க மண் தளங்களில் வளர்ந்த பையன்களுக்கு வாய்ப்பில்லை. ஜெஃப் கோர்டன் இண்டியானாவில் வளர்ந்தவர், நாஸ்காருக்கு (சாதாரணக் கார் வடிவ வண்டிகளின் ரேஸ் தொடர்) போய்விட்டார், 1994இல் அதே இண்டியானாபொலிஸ் தளத்தில் நடந்த முதல் நாஸ்கார் ரேஸை ஜெயித்தார். ஆனால் அந்த நாஸ்காரை உள்ளே விட்டதே ஜார்ஜ்தான்! அவர் தொடரில் சாம்பியனான டோனி ஸ்டூவர்ட்டும் கொஞ்ச நாளில் நாஸ்காருக்கே போனார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், கொடுத்த மருந்துதான் ஆளை முடித்தது. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்ட பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சாதாரண ரசிகன் எது எது என்று புரியாமல் போய்விட்டான். 2000இல் சிப் கனாசி டீம் கார்ட்டிலிருந்து இண்டிக்குத் திரும்பி வந்து, ஹுவான் பாப்லோ மொன்டோயா 200 லேப்பில் 167இல் முன்னணியில் இருந்து ஜெயித்தபோது ஐஆர்எல் மானமும் போனது. 2003இல் கார்ட் பணமில்லாமல் படுத்தது, 2008இல் மிச்சமிருந்தவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். (நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தளம் நினைவிருந்தால் அது வேறு காரணத்துக்காக இருக்கும், 2005 ஃபார்முலா ஒன் ரேஸில் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடி, கோவை நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்தது அங்கேதான்.)

சாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1999 அக்டோபர் 31, கலிஃபோர்னியாவில் ஃபொன்டானா, கனடாக்காரர் கிரெக் மூர், வயது 24, அடுத்த வருடத்துக்கு பென்ஸ்கேவில் ஒப்பந்தம் போட்டாயிற்று, சீசனின் கடைசி ரேஸ். அதே தளத்தில் மறு வருடம் ஜில் டி ஃபெரான் மணிக்கு 241.428 மைல் போட்டார், அதாவது 388 கிலோமீட்டருக்கு மேல். 2001இல் டெக்ஸஸ் ஓவலில் பயிற்சி முடித்து இறங்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தலைசுற்றல், உடம்பு தாங்காத விசை, ரேஸ் அன்றே ரேஸை ரத்து செய்தார்கள். எஞ்சின் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்த ஏற்றிக்கொண்டே போன சக்தி மனித உடம்பின் எல்லையைத் தொட்டுவிட்டது. சண்டையே வராமல் இருந்திருந்தாலும் அந்தக் கார்கள் அப்படியே தொடர்ந்திருக்க முடியாது என்பது என் கருத்து. பழைய ரசிகர்கள் என்மேல் கோபப்படுவது இந்த இடத்தில்தான்.

இன்றைய இண்டிகாரில் போட்டி உண்மையில் இன்னும் நெருக்கம், சுவர்கள் அடியை வாங்கிக்கொள்கின்றன, டிரைவர் முன்னால் ஏரோஸ்கிரீன் என்ற பாதுகாப்புக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. ஆனால் எல்லோரிடமும் ஒரே டல்லாரா சேசிஸ் (காரின் உடற்கூடு), எஞ்சின் ஹோண்டா அல்லது செவர்லே. 1994 மாதிரி ஒரு திருட்டுத்தனமான புத்திசாலித்தனத்துக்கு இடமே இல்லை. எனக்குக் குறை அது ஒன்றுதான்.

பார்க்க ஆசைப்பட்டால் 1992 இண்டி 500இலிருந்து ஆரம்பியுங்கள், யூடியூபில் கிடைக்கும். நடுக்கும் குளிர், டயர் சூடேறாமல் ஆளாளுக்கு மோதல். மைக்கேல் ஆண்ட்ரெட்டி 160 லேப் முன்னணியில் இருந்து 11 லேப் மிச்சமிருக்கையில் கார் செத்துப்போய் நிற்பார். கடைசி வரிசைக் கடைசி ஆளாகக் கிளம்பிய ஸ்காட் குட்இயர் 0.043 வினாடியில் தோற்பார், ஜெயித்த ஜூனியர் அழுவார், அவர் அப்பா அதே ரேஸில் மூன்றாவது. அடுத்து 1986 போர்ட்லாண்ட், தந்தையர் தினத்தன்று கடைசி மீட்டர்களில் மைக்கேலுக்கு எரிபொருள் தீர, அவரை முந்துகிறவர் அப்பா மரியோ. அப்புறம் 1996 லகூனா சேகா, கடைசி லேப்பில் அலெக்ஸ் ஜானார்டி தளத்துக்கு வெளியே மண்ணில் இறங்கி பிரையன் ஹெர்ட்டாவை முந்தியது. ஆனால் அந்த ஒரு துண்டை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் ஹெர்ட்டா அவரை எப்படிப் பின்னாலேயே வைத்திருந்தார் என்று பாருங்கள். இன்றைக்கு ஜானார்டி மாதிரி வெளியே இறங்கி முந்தினால் இடத்தைத் திருப்பிக் கொடு என்பார்கள். நான் நடுவராக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், அந்தப் பழி ஹெர்ட்டா ரசிகனான என்மேல் வரட்டும்.