பிரெய்ரி ஊர் கடை டோக்கன்கள்: கேட்டதும் சொன்னதும்

வணக்கம். கனடாவுல மனிடோபா, சஸ்காட்செவான், ஆல்பர்ட்டான்னு மூணு பிரெய்ரி (புல்வெளிச் சமவெளி) மாகாணம் இருக்குல்ல, அங்க இருந்த சின்னச் சின்ன ஊர்கள்ல கடைக்காரங்க தங்களோட பேர்ல அடிச்சு வெச்சிருந்த டோக்கன்களை, அதாவது அவங்க கடையில மட்டும் செல்லற காசு மாதிரி வில்லைங்களை, நான் 11 வருஷமா சேத்துட்டு வரேன். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் போடுறேன், சிலது நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, நாட்டுக்குன்னு காசு இருக்கறப்ப கடைக்காரர் எதுக்கு தனியா டோக்கன் அடிச்சார்?

காசு இருந்துச்சு தம்பி, ஆனா ஊர்ல யார் கையிலயும் இல்ல. கோதுமை அறுவடை முடிஞ்சு இலையுதிர் காலத்துல வித்தாத்தான் விவசாயி ரொக்கத்தையே பாப்பார், மத்த மாசமெல்லாம் கடையில கடன்தான். அந்த நடு மாசங்கள்ல வீடு ஓடுனது பெரும்பாலும் பொம்பளைங்க கொண்டுபோற முட்டையிலயும் வெண்ணெயிலயும். ஒரு அம்மா கூடை நெறய முட்டையும் கொஞ்சம் வெண்ணெயும் கொண்டுவந்து போடுறாங்கன்னு வெச்சுக்கோங்க, கடைக்காரர் அதுக்கு 1 டாலர் 20 சென்ட் மதிப்பு போடுறார், அந்த அம்மா டீத்தூள், சர்க்கரை, நூல்கண்டுன்னு 85 சென்டுக்கு வாங்கிக்கிறாங்க, மீதி 35 சென்டுக்கு அவர் ஒரு 25 சென்ட் டோக்கனும் ஒரு 10 சென்ட் டோக்கனும் எடுத்து நீட்டுவார். அதுல 'குட் ஃபார் 25 சென்ட்ஸ் இன் மெர்ச்சண்டைஸ்'னு அடிச்சிருக்கும், அதாவது இதைக் கொண்டுவந்தா சரக்கு தருவேன், ரொக்கம் தரமாட்டேன். சிலதுல 'டியூ பில்'னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்.

கடைக்காரருக்கு ரெண்டு லாபம், ரொக்கம் கைய விட்டுப் போகல, வாடிக்கையும் அடுத்த கடைக்குப் போகல. இன்னொரு பயமும் அவங்களுக்கு இருந்துச்சு, 1905-ல ஈட்டன்ஸ்ங்கற பெரிய வியாபாரக் கம்பெனி மனிடோபாவோட வின்னிபெக்ல பெரிய கடை தொறந்தாங்க, அவங்க கேட்டலாக் பண்ணை வீடு பண்ணை வீடா போய்ட்டிருந்துச்சு, கையில ரொக்கம் இருந்தா ஜனங்க தபால்லயே ஆர்டர் பண்ணிடுவாங்க, டோக்கனை ஈட்டன்ஸுக்கு அனுப்ப முடியாதில்ல. அந்த அம்மா பக்கம் நின்னு பாத்தா இது அவங்களைக் கட்டிப்போட்ட ஏற்பாடுதான், அதையும் சொல்லணும், ஆனா குடும்பத்துல அந்த டோக்கன் பெரும்பாலும் அவங்க கைக்காசு, அவங்க வளத்த கோழியோட காசு. ஒவ்வொரு 25 சென்ட் டோக்கனை கையில எடுக்கறப்பவும் எனக்கு முதல்ல அந்த முட்டைக் கூடைதான் ஞாபகம் வரும்.

கேள்வி: சார், எங்கிட்ட எட்டு மூலை அலுமினிய டோக்கன் ஒண்ணு இருக்கு. ஊர் பேருக்கு அடியில என்.டபிள்யூ.டி.ன்னு போட்டிருக்கு. வடக்குப் பனிப் பிரதேசத்து டோக்கனா?

அதை முதல்ல பத்திரமா உள்ள வைங்க சார். என்.டபிள்யூ.டி.ன்னா நார்த்வெஸ்ட் டெரிட்டரீஸ், இன்னைக்கு அந்தப் பேர்னா வடக்குதான், ஆனா சஸ்காட்செவானும் ஆல்பர்ட்டாவும் மாகாணமானது 1905 செப்டம்பர் 1-ம் தேதி, அதுக்கு முன்னாடி அந்த நெலமெல்லாம் அந்தப் பேருக்குள்ளதான் இருந்துச்சு, தலைநகரமே இப்ப சஸ்காட்செவான்ல இருக்கற ரெஜைனாதான். அதனால ஊர் இப்ப தெக்க எங்கயாவது கோதுமைக் காட்டுக்கு நடுவுல இருந்தா, உங்க டோக்கனை 1905-க்கு முன்னாடி அடிச்சிருக்கணும். ஊர் பேருக்குப் பக்கத்துல 'அஸ்ஸா'ன்னு இருந்தாலும் இதே கணக்குதான், அது அஸ்ஸினிபோயா மாவட்டத்தோட சுருக்கம், 1905-க்கு அப்புறம் அந்த மாவட்டமே கெடையாது. 'ஆல்டா'ன்னு இருந்தா மட்டும் அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க, ஆல்பர்ட்டாங்கற பேர் 1882-ல இருந்தே மாவட்டப் பேரா இருந்துச்சு, மாகாணமான பின்னாடியும் அதே பேர்தான்.

இந்தப் பக்கம் எல்லை தெரியுது, அந்தப் பக்கம் எவ்ளோ பழசுங்கறதுக்கு உலோகம் ஒரு கை குடுக்கும். 1886-ல மின்சாரத்தால அலுமினியம் பிரிக்கிற முறையைக் கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் அது வெலை கூடின உலோகம். அதுக்கப்புறம் வெலை சரிஞ்சுதான் இந்த மாதிரி கடை டோக்கனுக்கெல்லாம் வந்துச்சு, அதனால உங்களோடது பெரும்பாலும் 1890-கள்ல இருந்து 1905-க்குள்ள. அந்த காலத்துல அங்க கடைங்களே கொறச்சல்ங்கறதால இது கெடைக்கிறது ரொம்ப அரிது.

கேள்வி: 5, 10, 25 ஒவ்வொண்ணும் வேற வேற வடிவத்துல இருக்கே, ஏன்?

ஒரு கடைன்னா 1 சென்ட்ல ஆரம்பிச்சு 1 டாலர் வரைக்கும் ஒரு செட் அடிப்பாங்க. ஒண்ணு வட்டம், ஒண்ணு எட்டு மூலை, ஒண்ணு பூ மாதிரி வளைஞ்ச ஓரம். எல்லாம் ஒரே வெள்ளை அலுமினியமா இருந்தா மங்கின விளக்குல எண்ணிப் போடுறது கஷ்டம், தடவிப் பாத்தே தெரியணும்.

கேள்வி: பேர் மட்டும் இருக்கு, ஊர் இல்ல. குப்பைன்னு ஒதுக்கிடலாமா?

தயவுசெஞ்சு ஒதுக்காதீங்க! ஊர் பேர் இல்லாத டோக்கனை சேகரிக்கிறவங்க 'மாவெரிக்'னு சொல்லுவாங்க, சூடு போடாத மாட்டுக்கு அங்க சொல்ற பேர் அது, யாரோட மாடுன்னு தெரியாது. கடைக்காரர் ஊர் பேர் போடாததுக்கு காரணம் ரொம்ப சாதாரணம், அந்த டோக்கன் ஊரை விட்டு வெளிய போகவே போகாது, ஊருக்கே அவரைத் தெரியும், எதுக்கு எழுதணும்.

இதைக் கண்டுபிடிக்கிறதுதான் இந்தப் பொழுதுபோக்கோட உயிர்னு நான் நெனைக்கிறேன். வின்னிபெக்ல இருந்து வந்த ஹெண்டர்சன்ஸ் டைரக்டரில ஊர் வாரியா யார் கடை, யார் கொல்லர், யார் ஓட்டல்னு போட்டிருக்கும், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோட பீல்ஸ் பிரெய்ரி ப்ராவின்சஸ் தொகுப்புல அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, பழைய ஊர்ப் பேப்பர்களும் இருக்கு. அதுல பேரைத் தேடுங்க. ரெண்டு மூணு ஊர்ல அதே பேர் வரும், சோந்து போகாதீங்க, அடுத்து லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடாவோட தபாலாபீஸ் பட்டியலுக்குப் போங்க, ஏன்னா சின்ன ஊர்ல பலசரக்குக் கடைக்காரரேதான் பல நேரம் போஸ்ட் மாஸ்டர், அதுல எந்தத் தேதில சேந்தார், எந்தத் தேதில விட்டார்னு இருக்கும். மூணாவது ஊர் வரலாறு புஸ்தகங்க. 1980-ல சஸ்காட்செவானுக்கு 75 வயசு ஆனதைக் கொண்டாடினப்ப ஊர் ஊரா ஜனங்க அவங்க கதையை எழுதி புஸ்தகம் போட்டாங்க, குடும்பம் குடும்பமா விவரம் இருக்கும். எனக்கு ஒரு 50 சென்ட் மாவெரிக் ரெண்டு குளிர்காலம் எடுத்துச்சு, கடைசில தபாலாபீஸ் பட்டியல்ல அதே இனிஷியலோட அதே பேரைப் பாத்த அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஒரு எச்சரிக்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் வடக்கு டகோட்டா, மான்டானால இருந்த கடைகளும் இதே மாதிரி டோக்கன்தான் வெச்சிருந்தாங்க, அதனால பேர் ஒத்துப்போனா மட்டும் போதாது, ரெண்டாவது ஆதாரம் ஒண்ணு வேணும்.

கேள்வி: 'குட் ஃபார் ஒன் குவார்ட் மில்க்'னு ஒண்ணு, ஒரு குவார்ட் அளவு பாலாம். வெலையே போடலையே அண்ணே?

அதுதான் அதுல இருக்கற சூட்சுமம். பால் டோக்கன், ரொட்டி டோக்கன் ரெண்டுலயும் பொருள்தான் இருக்கும், வெலை இருக்காது. பால் வெலை ஏறினா புது டோக்கன் அடிக்க வேண்டாம், டோக்கனை விக்கிற வெலைய மாத்தினா போதும். ராத்திரி காலி பாட்டிலுக்குள்ள டோக்கனைப் போட்டு வாசல்ல வெச்சுடுவாங்க, விடியக்காலைல பால்காரர் அதை எடுத்துட்டு பாட்டில் பாலை வெச்சுட்டுப் போவார். காசு வெச்சா போற வர்றவன் எடுத்துட்டுப் போயிடுவான், டோக்கனைத் திருடி என்ன பண்றது, அந்தப் பண்ணைக்காரர்கிட்ட பால்தான் வாங்கலாம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் நல்லது, நெறய கெடைக்கும், வெலையும் கம்மி.

கேள்வி: அழுக்கா இருக்கு, எதுல கழுவலாம்? பேக்கிங் சோடா போட்டா பளிச்சுனு ஆகுமாமே?

வேண்டாம். நான் ஆரம்பத்துல ஒரு அலுமினிய ரொட்டி டோக்கனை பேக்கிங் சோடா கரைசல்ல போட்டு எடுத்தேன், மேல இருந்த பழைய பளபளப்பு போய் மொத்தமும் சாம்பல் கலர்ல செத்துப்போச்சு, எழுத்தோட விளிம்பெல்லாம் மழுங்கிடுச்சு. அந்த ஊர் டோக்கன் வேற ஒண்ணு இன்னும் என் கைக்கு வரல, இன்னைக்கும் அதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. அலுமினியத்துக்கு காரமும் ஆகாது, அமிலமும் ஆகாது. காய்ச்சி வடிச்ச தண்ணில ஊறவிட்டு, மெத்துனு துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. பித்தளைக்கு பாலிஷ் போடவே கூடாது. அந்தக் கறுப்பு, அந்தப் பழுப்பு எல்லாம் அதோட வயசு. மெத்துனு வளையற பிவிசி உறையில வெச்சா கொஞ்ச வருஷத்துல பச்சையா பிசுபிசுன்னு படியும், மைலார்ங்கற பாலியெஸ்டர் உறையில போடுங்க.

கேள்வி: நீலக் கலர் அட்டை மாதிரி, நடுவுல ஓட்டை. இது எந்தக் கடை?

கடை இல்ல. 2-ம் உலகப்போர் முடிஞ்ச சமயம், 1945-ல, கறி ரேஷனுக்கு கனடா அரசாங்கம் விட்ட டோக்கன். நாடு பூரா ஓடினது, இன்னும் நெறய கெடைக்குது.

கேள்வி: ஊர் பேர் போட்டு '1 டாலர்'னு பளபளன்னு பெரிய காசு. அடிச்சுது லக்கு?

அது நினைவுக்காக ஊர்க்காரங்க வெளியிட்ட டாலர் சார், திருவிழா, ஊர் வருஷ விழாவுக்கெல்லாம் போடுவாங்க. இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுலயே இருக்கும், பாருங்க. தனியா அதையே சேக்கறவங்க இருக்காங்க, ஆனா நம்ம கடை டோக்கன் வேற, அது வேற.

கேள்வி: 'ஒரு டிரிங்க்'னு பார் டோக்கன் வாங்கலாமா? போலி வருதாமே?

வருது. விபசார விடுதி பேர் போட்ட டோக்கன்னு யாராவது காட்டினா கைய வைக்காதீங்க, அனேகமா எல்லாமே பிற்காலத்துல டூரிஸ்ட்டுக்காக அடிச்சது, பழசா காட்ட கறுப்பாக்கி விப்பாங்க. நெசமான ஓட்டல் பார் டோக்கனுக்கு ஒரு காலக் கணக்கு இருக்கு, சஸ்காட்செவான்ல பாரெல்லாம் 1915 ஜூலை 1-ம் தேதி மூடிட்டாங்க, மதுவிலக்கு மனிடோபால 1916 ஜூன்ல, ஆல்பர்ட்டால 1916 ஜூலைல வந்துச்சு. அந்த ஊரும் ஓட்டலும் அதுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு டைரக்டரில பாத்துட்டு அப்புறம் காசைக் குடுங்க.

கேள்வி: கஃபே டோக்கன்ல சீனர் பேர் இல்லையே, கஃபே எல்லாம் அவங்கதானே நடத்தினாங்க?

நல்ல கேள்வி அக்கா. பிரெய்ரி ஊர் பலதுலயும் மெயின் ரோட்டு கஃபே சீனருடையதுதான், ஆனா போர்டுல ராயல், க்ளப்னு பொதுப் பேர்தான் வெச்சிருப்பாங்க, அதனால டோக்கன்லயும் ஆள் தெரியாது. சீனாலேர்ந்து வர்றவங்க மேல கனடா 1885-ல தலைக்கு 50 டாலர் வரி போட்டுச்சு, 1903-ல அதை 500 ஆக்குச்சு, 1923-ல வர்றதையே கிட்டத்தட்ட நிறுத்திடுச்சு. அதனால நெறய பேர் பொண்டாட்டி புள்ளைங்களைப் பிரிஞ்சு தனியாத்தான் அந்த ஊர்கள்ல காலம் தள்ளினாங்க. கஃபே டோக்கன் வந்தா நான் ஓனர் பேரைத் தேடி உறை மேல எழுதி வெச்சுடுவேன், டோக்கன்ல இல்லாத பேர் அங்கயாவது இருக்கட்டும்.

கேள்வி: எல்லாம் சேக்க முடியாது, எதுல ஆரம்பிக்க?

ஒரு ரயில் பாதைய எடுத்துக்கோங்க. குதிரை வண்டில தானியம் ஏத்திட்டுப் போய் அன்னைக்கே வீடு திரும்பணும்ங்கறதால எட்டு பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷனைச் சுத்தி ஒரு ஊர். கிராண்ட் ட்ரங்க் பசிபிக் ரயில் கம்பெனி அவங்க மெயின் லைன்ல இங்கிலீஷ் எழுத்து வரிசையிலயே ஊருக்குப் பேர் வெச்சாங்க, சஸ்காட்செவான்ல ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர்னு போய், அப்புறம் வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மான்னு கடைசி எழுத்து வரைக்கும் வரும். நான் அந்த லைனைத்தான் புடிச்சிருக்கேன், எல்லா ஊர்லயும் கெடைக்கும்னு சொல்ல முடியாது, சிலதுல இப்ப ஊரே இல்ல. சாஸ்கடூன்ல வெஸ்டர்ன் டெவலப்மென்ட் மியூசியத்துல 1910-ம் வருஷத்து தெரு ஒண்ணை அப்படியே கட்டி வெச்சிருக்காங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தத் தெருவுல இருக்கற கடைக்குள்ள போய் நின்னு பாருங்க.

கேள்வி: பக்கத்து வீட்டு வயசான அம்மா ஒரு பிஸ்கட் டப்பா குடுத்தாங்க, 40-க்கு மேல டோக்கன், எல்லாம் ஒரே கடை, அவங்க தாத்தா கடையாம். நல்லதா பொறுக்கிட்டு மீதிய வித்துடலாமா?

பொறுக்காதீங்க தம்பி, மொதல்ல எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, எது எத்தனைன்னு எழுதுங்க, டப்பாவையும் தூக்கிப் போடாதீங்க. அப்புறம் ஒரு நோட்டோட அந்த அம்மா வீட்டுக்குப் போங்க, தாத்தா பேர், எந்த ஊர், எந்த வருஷம் கடைய மூடினார், டோக்கனை யார் எண்ணி வெச்சாங்க, எல்லாம் கேளுங்க, அவங்க சொல்ற வார்த்தையிலயே எழுதிக்கோங்க. ஒவ்வொரு மதிப்புலயும் ஒண்ணுன்னு ஒரு முழு செட் அவங்க பேரப்புள்ளைங்களுக்கு, ஒரு செட் அந்த ஊர் மியூசியத்துக்கு. மீதி உங்களுக்கு. இந்த ஞாயித்துக்கிழமையே போங்க.