பகல் விமானத்தில் ஜன்னல் ஷட்டர் யார் கையில்?

கேள்வி: பதினோரு மணி நேரப் பகல் பயணம். கூடுதல் பணம் கட்டி ஜன்னல் சீட் வாங்கியிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் எல்லா ஜன்னல்களையும் மூடச் சொன்னார்கள். மூடினேன். ஆனால் தூக்கம் வரவில்லை. வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும்போது இருட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பாதி திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார். பின் சீட்டில் இருந்தவர் எதுவும் சொல்லாமல் கையை நீட்டி மூடிவிட்டார். பணம் கட்டியவன் நான்தானே, எனக்கு உரிமை இல்லையா? அடுத்த மாதம் கிழக்கு நோக்கித் திரும்பி வர வேண்டும். அப்போது என்ன செய்வது?

பதில்: நீங்கள் பணம் கட்டியது இருக்கைக்கு. ஷட்டர் உங்கள் கைக்கு எட்டுவதால் அதை ஏற்றி இறக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. உரிமை என்று சொல்லுமளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கேபின் குழுவினர் மூடச் சொன்னால் மூட வேண்டும், திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். அவர்கள் எதுவும் சொல்லாத நேரத்தில், பகல் விமானத்தில், திறந்து வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. அடுத்தவர் முகத்திலோ திரையிலோ நேர் வெயில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பின் சீட்காரர் செய்தது தவறு. உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், அல்லது பணியாளரை அழைத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விமானத்தின் ஜன்னல்கள் உடலோடு சேர்ந்து நிலையாக இருப்பவை. சீட் வரிசைகளை ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் வசதிக்கு நெருக்கியோ தள்ளியோ போட்டுக்கொள்கிறது. அதனால் ஒரு ஜன்னல் சரியாக உங்கள் தோளுக்கு நேராக வரும், இன்னொன்று உங்கள் சீட்டின் முதுகுக்கும் பின்னாலிருப்பவர் முழங்காலுக்கும் நடுவில் போய் நிற்கும். நீங்கள் திரும்பிப் பார்த்துத்தான் கை வைக்க முடியும் என்றால் அது பின்னால் இருப்பவருடைய ஜன்னல். நீங்கள் திறந்தது அப்படிப்பட்ட ஜன்னல் என்றால் அவர் கை நீட்டியதில் நியாயம் உண்டு. கேட்காமல் செய்தது மட்டும்தான் குறை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், இந்தக் குழப்பத்துக்குப் பயணிகளைவிட விமான நிறுவனங்களே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே பயணத்தில் ஷட்டரைப் பற்றி இரண்டு மூன்று முறை அறிவிப்பு வருகிறது. எல்லாம் ஒரே குரலில், ஒரே மரியாதையோடு வருகிறது. எது கட்டளை, எது வேண்டுகோள் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

கிளம்பும்போதும் இறங்கும்போதும் திறக்கச் சொல்வது பாதுகாப்புக்காக. ஏதாவது நடந்தால் எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் தண்ணீர் என்று வெளியே பார்த்தால்தான் எந்தக் கதவைத் திறப்பது என்று பணியாளர் முடிவு செய்ய முடியும். வெளியிலிருந்து மீட்க வருபவர்களுக்கும் உள்ளே தெரிய வேண்டும். கண்ணும் வெளி வெளிச்சத்துக்குப் பழகியிருக்க வேண்டும். பெரிய பயணிகள் விமானம் ஒவ்வொரு ரகமும் அனுமதி பெறும்போது, பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையில் எல்லோரும் 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கில் நாலைந்து விநாடி என்பது பெரிய விஷயம். இந்த நேரத்தில் உங்களுக்கு வெயில் கூசினாலும் சரி, தூக்கம் கலைந்தாலும் சரி, திறந்துதான் வைக்க வேண்டும். அமெரிக்காவில் ஷட்டருக்கென்று தனி விதி கிடையாது, அங்கே பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். வேறு பல நாடுகளில் கேட்பார்கள். கேட்டால் மறுபேச்சு வேண்டாம்.

தரையில் நிற்கும்போது மூடச் சொல்வது கேபின் சூடேறாமல் இருக்க. வெயில் கொளுத்தும் ஊர்களில் இது வரும். மூடிவிடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் பிரச்சினை மூன்றாவது வகை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு விளக்கை அணைத்து, ஜன்னலை மூடச் சொல்லும் அறிவிப்பு. இதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. தூங்க நினைப்பவர்களுக்கு வசதி, திரையில் படம் பார்ப்பவர்களுக்கு வசதி, வேலை குறைவதால் பணியாளர்களுக்கும் வசதி. இரவு விமானத்தில் இதைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. காலையில் கிளம்பி மாலையில் இறங்கும் பகல் விமானத்திலும் பழக்க தோஷத்தால் இதையே செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பகலில் நூற்றுக்கணக்கான பேரை ஆறு மணி நேரம் இருட்டில் உட்காரவைத்துவிட்டு, அதற்கு ‘ஓய்வு நேரம்’ என்று பெயர் வைக்கிறார்கள். பயணிக்கு எது நல்லது என்று யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

உடல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் வெளிச்சத்துக்குத்தான் பெரிய பங்கு. மேற்கு நோக்கிப் போகும் பகல் விமானத்தில் பகல் நீள்கிறது. இறங்கிய பிறகும் அங்கே மாலை வரை விழித்திருக்க வேண்டும். அப்படிப் போகிறவரை நடுவழியில் இருட்டில் தூங்கவைத்தால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. கிழக்கு நோக்கிய பயணத்தில் பகல் சுருங்குகிறது, சீக்கிரம் இருட்டிவிடும். அங்கே கடைசிப் பாதியில் கேபினை இருட்டாக்குவது பலருக்கு உதவும். ஆக, எல்லாப் பயணத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. ஆனால் நடைமுறை ஒன்றுதான் இருக்கிறது.

சரி, அதற்காக நீங்கள் மட்டும் திறந்து வைக்கலாமா? கூடாது. கேபின் முழுவதும் இருட்டாக இருக்கும்போது ஒரு ஜன்னலைப் பாதி திறந்தால் என்ன ஆகும் என்று எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் வெயில் தரையில் இருப்பதைவிடக் கூர்மையாக இருக்கும். கீழே வெள்ளை மேகம் இருந்தால் அங்கிருந்தும் வெளிச்சம் மேலே அடிக்கும். அந்த ஒரு திறப்பிலிருந்து ஒளிப்பட்டை நடைபாதையைத் தாண்டி எதிர் வரிசையில் போய் விழும். விமானம் லேசாகத் திரும்பினால் பட்டையும் நகர்ந்து, தூங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவர் முகத்தையும் தொட்டுக்கொண்டு போகும். உங்கள் பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தது இதனால்தான்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். மலையோ பனிப்பாறையோ தெரிகிறது என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். படிக்க வேண்டுமென்றால் தலைக்கு மேலே விளக்கு இருக்கிறது. அதிகம் வெளிச்சம் வேண்டுமென்றால் கதவுப் பக்கம் கொஞ்சம் போய் நில்லுங்கள். பெரிய விமானங்களில் அங்கே சின்ன ஜன்னல் இருக்கும்.

பணியாளர் நேரில் வந்து சொன்ன பிறகும் மறுத்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடும். விமானத்துக்குள் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை கேப்டனுக்குக் கொடுத்திருக்கிறது. பணியாளர் அவர் சார்பில்தான் பேசுகிறார். ஒரு ஷட்டருக்காக அந்த எல்லைக்குப் போக வேண்டாம். ‘இது கட்டாயமா, வேண்டுகோளா?’ என்று பணிவாகக் கேளுங்கள். வேண்டுகோள் என்றால் பெரும்பாலும் அவர்களே ஒரு வழி செய்துகொடுப்பார்கள்.

விலக்கு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயணத்தில் தலைசுற்றல், குமட்டல் வருகிறவர்கள். இவர்களுக்கு மூடிய ஜன்னல் உண்மையிலேயே தொல்லை. விமானம் ஆடுவதை உள்காது உணர்கிறது. கண்ணோ எதிரே அசையாமல் இருக்கும் சீட்டின் முதுகைப் பார்த்து, ஒன்றும் ஆடவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிறு புரட்டுகிறது. வெளியே தொடுவானம் தெரிந்தால் கண்ணும் ஆட்டத்தைப் பார்த்துவிடும், குமட்டல் அடங்கும். ஆனால் தெரிய வேண்டியது தொடுவானம். மேகத்துக்குள் போகும்போது திறந்து வைத்துப் பயனில்லை, வெறும் வெள்ளைதான் தெரியும். நேர் கீழே குனிந்து பார்த்தாலும் பயனில்லை. அதனால் இப்படிப்பட்டவர்கள் ஏறியவுடனே, அறிவிப்பு வரும்வரை காத்திராமல், பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். வெயில் விழாத பக்கத்தில், இறக்கைக்கு நேராக உள்ள வரிசையில் இடம் கேட்க வேண்டும். அங்கே ஆட்டமும் குறைவு, வெயில் அடுத்தவர் மேல் படுகிற பிரச்சினையும் இல்லை. ஒரு சாண் திறந்து வைக்க அனுமதி கேட்டால் நான் பார்த்த பணியாளர்கள் யாரும் மறுத்ததில்லை. பக்கத்தில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

போயிங் 787இல் ஏறினால் ஷட்டரே இருக்காது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கண்ணாடி மெதுவாக நீலம் பாய்ந்து இருண்டுகொண்டே போகும். உடனே மாறாது, திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். பணியாளர்கள் ஒரே இடத்திலிருந்து எல்லா ஜன்னலையும் இருட்டாக்கிப் பூட்டவும் முடியும். உங்கள் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் அது பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நன்றாக இருண்ட பிறகும் வெளியே மங்கலாகத் தெரியும் என்பது இதில் உள்ள நல்ல விஷயம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். அந்த ஜன்னல் சீட்டுக்குப் பணத்தை யாரிடம் கட்டினீர்கள்? டிக்கெட் விற்கும் இடைத்தரகர் தளங்களில் கட்டியிருந்தால் கவனமாக இருங்கள். அங்கே சீட் படத்தைக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு, விமான நிறுவனத்துக்கு ‘முடிந்தால் ஜன்னல் கொடுங்கள்’ என்று வெறும் விருப்பமாக அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பார்த்தால் நடு சீட் இருக்கும். கவுண்டரில் கேட்டால் ‘எங்களிடம் அப்படிப் பதிவே இல்லை’ என்பார்கள். தரகரைத் தொலைபேசியில் பிடிப்பது நடக்காத காரியம். இது சாதாரணமாக நடக்கிறது. தட்டிக்கேட்க வேண்டியவர்கள் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆத்திரம்.

இதைச் சரிபார்க்க வழி உண்டு. தரகர் கொடுக்கும் பதிவு எண் அவருடைய சொந்த எண்ணாக இருக்கலாம். விமான நிறுவனத்தின் ஆறு எழுத்துப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய்ப் பாருங்கள். அங்கே சீட் எண் தெரிந்தால்தான் சீட் உங்களுடையது. பெரிய விமான நிறுவனங்கள் பலவும் சீட்டுக்குக் கட்டிய பணத்துக்கு, டிக்கெட்டைப் போலவே 13 இலக்க எண்ணோடு தனி ரசீது தருகின்றன. அந்த ரசீதைக் கேளுங்கள். ‘எல்லாம் கன்ஃபர்ம் ஆகிவிட்டது சார்’ என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

அப்புறம், ‘ஜன்னல் சீட்’ என்று போட்டிருந்தால் ஜன்னல் இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. போயிங் 737 போன்ற விமானங்களில் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் மேலே ஏறும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. அந்த வரிசையில் வெறும் சுவர்தான். அதையும் ஜன்னல் சீட் விலைக்கு விற்கிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் நிறுவனங்கள் மேல் பயணிகள் வழக்குப் போட்டார்கள். சீட் எண்ணையும் விமான ரகத்தையும் போட்டு இணையத்தில் தேடினால் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர்கள் எடுத்த படம் பெரும்பாலும் கிடைக்கும். பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேறு சீட்டுக்கு மாற்றிவிட்டால் பழைய ரசீதையும் புது போர்டிங் பாஸையும் படம் எடுத்து வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்காமல் வருவது அபூர்வம். ஆனால் ஷட்டரை மூடச் சொன்னார்கள் என்பதற்காகப் பணம் திரும்பாது, அதற்காக எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் திரும்பும் பயணம் கிழக்கு நோக்கி என்றீர்கள். பூமியின் வடபாதியில் நீண்ட தூரம் பறக்கும்போது பகலில் சூரியன் பெரும்பாலும் தெற்கே இருக்கும். கிழக்கே போகும் விமானத்தில் அது வலது பக்கம். அதனால் இடது பக்க ஜன்னலை எடுங்கள். நேர் வெயில் விழாது, ஷட்டரைத் திறந்து வைத்தாலும் யாருக்கும் கண் கூசாது, விளக்கை அணைக்கும்வரை நிம்மதியாக வெளியே பார்க்கலாம். தென்பாதியில் பறப்பதாக இருந்தால் இதை அப்படியே மாற்றிக்கொண்டு வலது பக்கம் எடுங்கள். ஒரு கண்பட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பாதியில் நீங்களே தூங்க நினைக்கலாம்.