கேலரியில் எனக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு வயது 61. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. போன மாதம் தோழி ஒருத்தி வற்புறுத்தி ஒரு பெண்கள் வாலிபால் போட்டிக்கு அழைத்துப்போனாள். விதிமுறை பாதி புரியவில்லை, சத்தத்தில் காது அடைத்துப்போனது. ஆனாலும் இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். தோழி இப்போது வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. ஆடும் பெண்களில் என் மகளோ பேத்தியோ யாரும் இல்லை. "காலேஜ் பிள்ளைங்க கூட்டத்துல உங்களுக்கு என்னம்மா வேலை?" என்று மகன் கேட்கிறான். போகலாமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். அடுத்த போட்டிக்கே போங்கள்.

நான் கல்லூரியில் வாலிபால் ஆடியவள். எங்கள் அரங்கத்தில் நடந்த போட்டிகளுக்கெல்லாம் ஓர் அம்மா வருவார். யாருக்குச் சொந்தம் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கோர்ட்டின் பின்கோட்டுக்கு நேர் பின்னால், கேலரியின் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். சர்வீஸ் போடப் பின்னால் போகும் ஒவ்வொருத்தியும் பந்தை வாங்கத் திரும்பும்போது அவர் முகம்தான் கண்ணில் படும். கத்த மாட்டார். கைதட்டுவார், அவ்வளவுதான். ஒருமுறை மூன்று செட்டையும் வரிசையாகத் தோற்றுவிட்டு, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டாவது செட்ல அந்த மூலையில விழுந்து எடுத்தியே ஒரு பந்து, அது பாயின்ட் ஆகாம போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்" என்றார். அந்தப் பந்தைப் பற்றி எங்கள் பயிற்சியாளர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அப்பா அம்மா பார்க்க வந்த நாட்களைவிட அந்த நாள்தான் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. பிறகு இரண்டு போட்டிகளுக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லையே என்று இப்போதும் தோன்றும்.

ஆடுகிற பிள்ளைகளுக்குக் கேலரி தெரியும். அதை நீங்கள் நம்ப வேண்டும். மகளைப் பார்க்க வந்த பெற்றோரின் கண் மகளை விட்டு நகராது, அது இயல்புதான். சக மாணவர்களில் பலர் நண்பர்களோடு இருப்பதற்காகவே வருகிறார்கள். அங்கே சொந்தம் யாரும் இல்லாத ஒருவர்தான் ஆறு பேரையும் பார்க்கிறார், எதிரணியின் ஆறு பேரையும் சேர்த்தே பார்க்கிறார். மகன் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

வயதுதான் கூச்சத்துக்குக் காரணம் என்றால், இந்த ஆட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிரில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பழக்கூடைகளைக் கொண்டுவந்து ஜிம்மின் பால்கனிக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். அந்த உயரம் 10 அடி. இன்றும் வளையம் அதே 10 அடியில்தான் இருக்கிறது. பால்கனியில் நின்று பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட ஆரம்பித்ததால்தான் வளையத்துக்குப் பின்னால் பலகை வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் வாலிபாலை வகுத்தார். யாருக்காக என்றால், கூடைப்பந்தின் ஓட்டமும் இடியும் ஒத்துவராத நடுவயதுக்காரர்களுக்காக. இளைஞர்களின் ஆட்டம் என்று நீங்கள் தயங்கி நிற்பது, வயதானவர்களை மனதில் வைத்து உண்டான ஓர் ஆட்டத்தின் வாசலில்!

விதிமுறை புரியாததும் ஒரு குறையே இல்லை. 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு மாணவிகளும் பெர்க்லி மாணவிகளும் சான் பிரான்சிஸ்கோவில் கூடைப்பந்து ஆடினார்கள். பெண்கள் அணிகளில் இரண்டு கல்லூரிகள் மோதிக்கொண்ட முதல் போட்டி அது. ஆண்களை உள்ளே விடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஸ்டான்ஃபோர்டு 2–1 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்துக்கே அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை. வந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு விதி முழுசாகத் தெரிந்திருக்கும்?

சரி, உங்கள் வாலிபாலுக்கு வருவோம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்தை மூன்று தொடுதலுக்குள் வலைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். வலையோரம் எம்பி நின்று தடுக்கும் பிளாக் இந்தக் கணக்கில் சேராது. ஒரு செட் 25 பாயின்ட், ஆனால் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். அதனால் சில செட் 30-ஐத் தாண்டியும் போகும். மூன்று செட் எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள். ஐந்தாவது செட் வரை போனால் அது மட்டும் 15. நான் ஆடிய காலத்தில் சர்வீஸ் போட்ட பக்கத்துக்குத்தான் பாயின்ட் கிடைக்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மாறி, யார் சர்வீஸ் போட்டிருந்தாலும் அந்தப் பந்தை ஜெயித்த பக்கத்துக்குப் பாயின்ட் என்று ஆனது. ஒருத்தி மட்டும் வேறு நிறச் சட்டை போட்டிருப்பாள், கவனித்திருப்பீர்கள். அவள்தான் லிபரோ. பின்வரிசையில் மட்டும் ஆடுவாள், பந்தை எடுப்பதுதான் அவள் வேலை, ஓங்கி அடிப்பது இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பந்தை மட்டுமே பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆட்டமும் புரியாது. சர்வீஸ் போன உடனே எதிர்ப்பக்கத்து செட்டரை, அதாவது அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவளைப் பாருங்கள். இரண்டாவது தொடுதல் பெரும்பாலும் அவளுடையது. பந்து அவள் விரலுக்கு வரும் முன்பே யாருக்குத் தூக்கப்போகிறாள் என்று ஊகித்துப் பாருங்கள். முதல் நாள் பத்தில் எட்டு தப்பும். பரவாயில்லை. ஊகம் சரியாகும் முதல் முறை உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வரும், அதற்குப் பிறகு உங்களை யாரும் வீட்டில் பிடித்துவைக்க முடியாது. பெண்கள் போட்டியில் தொடங்கியதும் நல்லதே. வலை அவர்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. ஆண்கள் ஆட்டத்தில் பல பந்துகள் ஒரே அடியில் முடிந்துவிடும். பெண்கள் ஆட்டத்தில் பந்து கூடுதல் நேரம் தரையைத் தொடாமல் போய்வரும், பார்த்துப் பழகுவதற்கு அதுதான் வசதி.

கூடைப்பந்துக்கும் போனால், வளையத்துக்கு மேலே இறங்குமுகமாக ஓடும் சின்னக் கடிகாரத்தைப் பாருங்கள். அது முடிவதற்குள் பந்தை வளையத்துக்கு வீசியாக வேண்டும். விதிமுறையைப் பொறுத்து 24 அல்லது 30 விநாடி இருக்கும். அது தெரிந்தால் ஏன் திடீரென்று எல்லாரும் அவசரப்படுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

சத்தத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மரத்தரை, வெறும் சுவர், உயரமான கூரை, எழுகிற ஒலி எல்லாம் திரும்பி வரும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், காதைப் பாதுகாத்துக்கொள்ளத்தான் வேண்டும். மேளமும் மாணவர் கூட்டமும் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் இரண்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்தாலும் ஷூ தரையில் கிறீச்சிடுவது கேட்கும், நடுவரின் விசிலும் கேட்கும்.

எந்த இடம்? முதல் இரண்டு போட்டிகளுக்கு வலைக்கு நேரே, பக்கவாட்டில், நான்கைந்து படி மேலே. பிறகு என் அந்த அம்மாவின் இடத்துக்குப் போங்கள். பின்கோட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தால்தான் அணி எப்படி விரிகிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று தெரியும். கீழ் வரிசையில் இருந்தால் பந்து மேலே வந்து விழலாம், ஆட்டம் ஓடும்போது போனைப் பார்க்காதீர்கள். கேலரிப் படிகளில் பல இடங்களில் கைப்பிடி இருக்காது. அரை மணி முன்னதாகவே போய், கூட்டம் வருமுன் நிதானமாக ஏறி உட்காருங்கள். இரண்டு அணியும் பயிற்சி எடுப்பதையும் பார்க்கலாம். முதுகுச் சாய்வு இல்லாத பெஞ்சாக இருந்தால் ஒரு சின்ன மெத்தை வேண்டும். பை கொண்டுபோக அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே எழுந்து நடக்க வேண்டாம், பாயின்ட் முடிந்ததும் நகரலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தவறு செய்த பெண்ணைப் பேர் சொல்லித் திட்டும் சில பெரியவர்களை அங்கே பார்ப்பீர்கள். அவர்களோடு சேராதீர்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள், நாளைக் காலை அவர்களுக்குப் பரீட்சை இருக்கலாம். சர்வீஸை வலையில் அடித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பவளுக்கு ஒரு கைதட்டல் போதும். எதிரணியின் நல்ல பந்துக்கும் தட்டுங்கள். தங்கள் ஊரிலிருந்து ஒருவரும் வராத அணி அது.

இப்போதே ஓர் அணியை உங்கள் அணியாக வைத்துக்கொள்ளுங்கள், பெஞ்சில் இருக்கும் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியின் சட்டை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு அவள் டைம் அவுட்டில் தண்ணீர் எடுத்துக்கொடுப்பவளாக மட்டும் இருக்கலாம். அடுத்த ஆண்டு சர்வீஸ் போட மட்டும் உள்ளே வருவாள். அதற்கு அடுத்த ஆண்டு வலையோரம் நிற்பாள். கடைசிப் பருவத்தில் அந்த எண்ணைப் பார்த்து உங்கள் கண் கலங்கும். எந்தத் தொழில்முறை ஆட்டத்திலும் இது கிடைக்காது, ஏனென்றால் கல்லூரியில் எல்லாரும் சில ஆண்டுகளில் போய்விடுவார்கள்.

மகனையும் ஒரு நாள் அழைத்துப்போங்கள், ஆனால் முதல் மூன்று போட்டிகளுக்கு வேண்டாம். நான்காவதற்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவையுங்கள். "அந்தப் பொண்ணு மட்டும் ஏன் வேற கலர் சட்டை போட்டிருக்கு?" என்று அவர் உங்களிடம்தான் கேட்பார்.