அப்பத்தா இறந்த வாரத்தில் தேர்வு: பிரிட்டனில் படிக்கும் மகளுக்காகக் கேட்ட தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திங்கட்கிழமை உங்கள் தாயார் காலமானார். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கும் மகளுக்குப் புதன்கிழமை தேர்வு, வெள்ளிக்கிழமை ஓர் அசைன்மென்ட். தேர்வு முடியட்டும் என்று வீட்டில் கூடிப் பேசி, அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள். ஆனால் புதன் காலை தேர்வுக்குக் கிளம்பும் நேரத்தில், உறவினர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தோடு அப்பத்தாவின் படத்தை அவர் பார்த்துவிட்டார். வீட்டுக்கு அழைத்திருக்கிறார், வந்து போகிறவர்களின் கூட்டத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. அந்த மனநிலையிலேயே தேர்வெழுதினார். அசைன்மென்டை இரண்டு நாள் தாமதமாகப் பதிவேற்றினார். இப்போது நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதலாமா, இங்கே தெரிந்த டாக்டரிடம் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் வாங்கி அனுப்பலாமா, இதற்கு அங்கே மதிப்பெண் கூட்டிப் போடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு 'பயனில்லை', இரண்டாவதற்குக் 'கூடவே கூடாது', மூன்றாவதற்குப் 'போடமாட்டார்கள்' என்பதே என் பதில். ஆயினும் உங்கள் மகளுக்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. அதை அவர்தான் பயன்படுத்த வேண்டும் என்பதாலும், அதற்குக் கெடு உண்டு என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாணவரின் கட்டுப்பாட்டில் இல்லாத, எதிர்பார்க்கவும் முடியாத ஒரு நிகழ்வால் தேர்வோ அசைன்மென்டோ பாதிக்கப்பட்டால், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கோரும் ஏற்பாடு பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் உண்டு. பெயர்தான் இடத்துக்கு இடம் மாறும்: மான்செஸ்டரில் 'மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்பார்கள், லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் 'எக்ஸ்டெனுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்பார்கள். மாணவர்கள் வாயில் இவை 'மிட் சர்க்ஸ்', 'ஈ.சி.' என்று சுருங்கிவிடும். நெருங்கிய உறவினரின் மரணம், திடீர் நோய், விபத்து, குற்றச் செயலால் பாதிக்கப்படுவது ஆகியவற்றைப் பொதுவாக ஏற்பார்கள். வழக்கமான தேர்வுப் பதற்றம், சாதாரணச் சளி, கடைசி நேரத்தில் லேப்டாப் பழுதானது, தேர்வு நேரத்தைத் தவறாகப் படித்தது, ஊரில் நடக்கும் திருமணம், பகுதிநேர வேலையில் சேர்ந்துவிட்ட கூடுதல் ஷிஃப்ட் ஆகியவற்றைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். உங்கள் மகளின் காரணம் சந்தேகத்துக்கு இடமின்றி முதல் வகையைச் சேர்ந்தது.

அப்படியிருக்க, அதற்கு மேல் ஒரு மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் எதற்கு? நம் ஊர்க் கல்லூரிப் பழக்கம் இது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்து, 65 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால், மருத்துவக் காரணம் காட்டித் தேர்வெழுத அனுமதி பெறலாம். அதனால் எந்தச் சிக்கலுக்கும் ஒரு டாக்டர் கையெழுத்து போதும் என்ற எண்ணம் இரண்டு தலைமுறையாக நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அங்கே, இல்லாத நோய்க்கு வாங்கிய சான்றிதழ் பிடிபட்டால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாகும், படிப்பே பறிபோகலாம். உண்மையான ஒரு மரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யான ஒரு காய்ச்சலை ஏன் காட்ட வேண்டும்?

அடுத்து, யார் எழுதுவது என்ற கேள்வி. 18 வயது நிரம்பிய மாணவரைப் பற்றி, அவருடைய ஒப்புதல் இல்லாமல், கட்டணம் கட்டிய தந்தையிடம்கூட அங்கே பேசமாட்டார்கள். அந்நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. நீங்கள் எழுதும் மின்னஞ்சலுக்கு மரியாதையான இரண்டு வரிப் பதில் வரும், அவ்வளவுதான். விண்ணப்பத்தை உங்கள் மகள் மாணவர் இணையதளத்தில் தம் கையாலேயே நிரப்ப வேண்டும். நிரப்பும் முன், மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவை அவர் அணுகட்டும். சங்கம் என்றதும் நமக்குக் கொடியும் தேர்தலும்தான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலான சங்கங்களில் பல்கலைக்கழக நிர்வாகத்தைச் சாராத ஆலோசகர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்துவது அவர்களுடைய அன்றாட வேலை, அதற்குக் கட்டணமும் கிடையாது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது மூன்றே செய்திகள்: என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, எந்தத் தேர்வை அது எப்படிப் பாதித்தது. மூன்றாவதைத்தான் நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த விடுப்பு விண்ணப்பத்தின் சாயலில், குடும்பமே சோகத்தில் ஆழ்ந்திருக்கிறது, கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன் என்று அரைப் பக்கம் எழுதுவார்கள். எந்தப் பாடம், எந்த நாள் என்பதே அதில் இருக்காது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்களின் இரக்கத்தைத் தூண்ட வேண்டிய தேவையில்லை. மகள் இப்படி எழுதட்டும்: 'என்னைச் சிறு வயதில் வளர்த்த என் தந்தையின் தாயார் திங்களன்று இறந்தார். இதைப் புதன்கிழமை தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வீட்டாரின் வாய்மொழியாக அல்லாமல், கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்து அறிந்தேன். தேர்வில் நான்கு வினாக்களில் இரண்டை மட்டுமே எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அசைன்மென்ட் வேலை எதையும் செய்ய முடியவில்லை.' உண்மை இதுவானால் இந்த அளவு போதும். 'வளர்த்த' என்ற சொல்லை மட்டும் மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர் மரணத்துக்கு விளக்கம் தேவைப்படாது. பாட்டி, அத்தை, பெரியம்மா என்றால் அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். நம் வீடுகளில் பெற்றோர் வேலைக்குப் போக, அப்பத்தாவின் மடியிலேயே பிள்ளை வளர்வது சாதாரணம் என்பது படிக்கிறவருக்குத் தெரிந்திருக்காது.

ஆவணங்களுக்கு வருகிறேன், நீங்கள் உதவக்கூடிய இடம் இதுதான். முதலில் இறப்புச் சான்றிதழ். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். காரியம் முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் தரப்படும் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு பெரும்பாலும் இராது. சிக்கல் வேறோர் இடத்தில் வரும். உங்கள் மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயர். இறப்புச் சான்றிதழில் இருப்பது உங்கள் தாயாரின் பெயரும் அவருடைய கணவர், பெற்றோர் பெயர்களும். குடும்பப் பெயர் வழக்கில் பழகிய கண்களுக்கு இந்த இரண்டு பெண்களுக்கும் தொடர்பே தெரியாது. பல விண்ணப்பங்கள் இந்த ஓர் இடத்தில் நின்று, கூடுதல் சான்று கேட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சிடப்பட்டிருந்தால் அதன் நகலும், மகளுடைய பாஸ்போர்ட்டில் அதே பக்கத்தின் நகலும் சேர்ந்தால் மூன்று தலைமுறையும் வரிசையாக நின்றுவிடும். தமிழர் பெயருக்குப் பின்னால் வருவது தந்தையின் பெயர் என்று மகள் ஒரு வரி விளக்கம் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் இல்லையென்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழ் உதவும். வாரிசுச் சான்றிதழ் வரத் தாமதமாகும் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டிய இன்னொன்று, சற்று மனம் சங்கடப்படக்கூடியது. மரணச் செய்தியை மகளிடம் சொல்லாமல் வைத்திருந்ததையும், பிறகு எந்த நாள், எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பதையும் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ஒரு சிறு கடிதம் தாருங்கள். குடும்பத்தார் தரும் கடிதத்தை மட்டும் தனிச் சான்றாகப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்; ஆனால் இறப்புச் சான்றிதழோடும், ஸ்டேட்டஸ் படத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடும், மகளின் கைப்பேசியில் உள்ள எடுக்கப்படாத அழைப்புகளின் நேரப் பதிவோடும் சேரும்போது அது வலுவாகும். இறந்தது திங்கள், பாதிப்பு புதன் என்ற இடைவெளியை வேறு எந்த ஆவணமும் விளக்காது. பிள்ளையின் நன்மைக்காக மறைத்தோம் என்பது எனக்குப் புரிகிறது. தேர்வு நேரத்தில் துக்கச் செய்தியை மறைப்பது நம் வீடுகளில் புதிதும் அன்று. ஆனால் திங்களன்றே சொல்லியிருந்தால், புதன் தேர்வு எழுதுவதா, தள்ளிவைக்கக் கோருவதா என்று அவர் ஆசிரியரிடம் கேட்டு முடிவெடுக்க ஒன்றரை நாள் இருந்திருக்கும். அந்த ஒன்றரை நாள் இல்லாமல் போனதால்தான் இப்போது ஒரு கூடுதல் தடையைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

அந்தத் தடை 'ஃபிட் டு சிட்' எனப்படும் விதி. தேர்வறைக்குள் நுழைந்து எழுதிவிட்டாலே, தேர்வெழுதத் தகுந்த உடல், மனநிலையில் இருப்பதாக மாணவர் தாமே அறிவித்துவிட்டார் என்று பொருள்கொள்வது அது. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இவ்விதி இல்லை. இருக்கும் இடங்களிலும், தம் நிலையைத் தாமே எடைபோட முடியாத சூழலில் எழுதியதாகக் காட்டினால் விலக்குக் கோரலாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பு படத்தைப் பார்த்து, வீட்டாரோடு பேசவும் முடியாமல் உள்ளே போனவர் என்பது அதற்கு ஏற்ற காரணம். ஆகவே தேர்வுக்கு ஒரு கோரிக்கை, அசைன்மென்டுக்கு ஒரு கோரிக்கை என்று இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.

ஏற்றுக்கொண்டால் என்ன கிடைக்கும்? அசைன்மென்டைப் பொறுத்தவரை, தாமதத்துக்காக நாள்கணக்கில் கழித்த மதிப்பெண்ணைத் திருப்பித் தருவார்கள். தேர்வைப் பொறுத்தவரை, 45 மதிப்பெண் 60 ஆகிவிடாது. அந்தத் தேர்வை முதல் முயற்சியாகவே மீண்டும் எழுத வாய்ப்புத் தருவார்கள். 'முதல் முயற்சியாக' என்பதில்தான் முழுப் பயனும் இருக்கிறது. முதுநிலைப் படிப்புகளில் தேர்ச்சி மதிப்பெண் பொதுவாக 50. தோற்றுப்போய் மறுதேர்வு எழுதுபவர் 80 மதிப்பெண்ணுக்கு எழுதினாலும் பெரும்பாலான இடங்களில் 50-க்கு மேல் பதிய மாட்டார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டு எழுதுபவருக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அரியர் வைத்து அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்ற நம் கணக்கு அங்கே செல்லாததற்கு இதுவே காரணம். அதேவேளையில், புதிய முயற்சியில் குறைந்த மதிப்பெண் வந்தாலும் அதையே இறுதியாகக் கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு; எழுதிய தேர்வில் ஓரளவு நல்ல மதிப்பெண் வரும் என்று மகள் நம்பினால், அந்த விதியைக் கேட்டறிந்த பின்னரே சம்மதிக்க வேண்டும்.

கெடுவைப் பற்றி அலட்சியம் வேண்டாம். பல இடங்களில் தேர்வுக்குப் பின் ஒரு சில வேலை நாட்களே தருவார்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிட்டு, சான்று பின்னர் வரும் என்று குறிப்பிடலாம். கெடு கடந்த பின் அனுப்பினால், ஏன் முன்பே அனுப்பவில்லை என்பதற்குத் தனியாக ஒரு நியாயமான காரணம் காட்ட வேண்டும்; வெட்கமாக இருந்தது, வெளியே சொல்ல விரும்பவில்லை என்பதைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். விவரங்களைச் சிலர் மட்டுமே ரகசியமாகப் பார்ப்பார்கள், வகுப்புத் தோழர்களுக்குத் தெரியாது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

நிராகரித்துவிட்டால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. அதுவும் முடிந்து, நடைமுறைகள் நிறைவுற்றதாக அவர்கள் தரும் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள், இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்கள் ஓ.ஐ.ஏ. எனப்படும் சுயேச்சை நடுவர் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விதிப்படி, நியாயமாக நடந்துகொண்டார்களா என்பதை அந்த அலுவலகம் ஆராயும். விடைத்தாளுக்கு எத்தனை மதிப்பெண் தகும் என்பதில் தலையிடாது. உங்கள் மகளுக்கு அதுவரை போக வேண்டியிராது என்றே நினைக்கிறேன்.

இடையில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: மகளுக்குப் பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி உண்டு, அதையும் சேர்த்து எழுதலாமா என்று. சேர்க்க வேண்டாம். நீண்டகால உடல்நலக் குறைகளுக்கு 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி உதவப் பல்கலைக்கழகத்திலேயே வேறு பிரிவு இருக்கிறது. அங்கே பதிவு செய்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற நிலையான ஏற்பாடுகள் கிடைக்கக்கூடும். வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் இதை மறைக்கும் பெற்றோரை வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். அந்தப் பதிவு உங்கள் ஊர்த் தரகருக்குப் போகாது. விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பார், பிறகு ஜி.பி. எனப்படும் பகுதி மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளாமல் இருப்பது வீண். துக்கத்தால் தூக்கமில்லாமல் தவிக்கிறார் என்றால் அதையும் அந்த மருத்துவரிடம்தான் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் வர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வரட்டும். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் துறைக்கு எழுதி, விடுப்புக்கு ஒப்புதலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளட்டும். மாணவர் விசாவில் இருப்பவர் சொல்லாமல் வகுப்புக்கு வராமல் இருந்தால் பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டி வரலாம். சில நாள் பயணத்துக்கும், படிப்பையே சில மாதம் நிறுத்திவைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதைச் செய்தால் விசாவே ரத்தாகலாம் என்பதால், அந்தப் பேச்சு வந்தால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மறுதேர்வு பெரும்பாலும் கோடையில், படிப்புக் காலத்துக்குள்ளேயே வரும் என்பதால் விசாக் காலம் பாதிக்கப்படாது. இருந்தாலும், படிப்பை முடித்ததாகப் பல்கலைக்கழகம் தெரிவித்த பிறகே படித்து முடித்தவர் அங்கே தங்கி வேலை செய்ய உதவும் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், அந்தத் தேர்வு முடிவு எந்த வாரம் வரும் என்று அவர் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

இன்றிரவு மகளோடு பேசும்போது தேர்வைப் பற்றிக் கேட்பதற்கு முன், அப்பத்தாவின் கடைசி நாட்களைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். அதைத்தான் அவர் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. பேசி முடித்ததும் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுங்கள்.