ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 34. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். போன வருடம்தான் பிஹெச்.டி. முடித்தேன். சம்பளம் 28,000 ரூபாய். அதுவும் ஒரு மாதம் வந்தால் அடுத்த மாதம் இழுக்கும். மே மாதம் வந்தால் வீடு வீடாகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க வேண்டும். சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எல்லாம் சேர்த்து மாதம் 7,500 ரியால். முதலில் விசிட் விசாவில் போய்விடலாம், அங்கே போனதும் இக்காமா, அதாவது தங்கியிருப்பதற்கான அனுமதி, எடுத்துக் கொடுப்பார்களாம். ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம். கணவர் சின்னதாக அச்சகம் நடத்துகிறார், மகள் இரண்டாம் வகுப்பு. மாமியார், ‘பொம்பளைப் பிள்ளை தனியா அரபு நாட்டுக்கா?’ என்கிறார். போகலாமா?
- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். ஆனால் இந்த ஏஜென்ட் காட்டும் வழியில் போக வேண்டாம்.

உங்கள் மாமியாரின் பயத்தை விடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ‘விசிட் விசா’தான். விசிட் விசாவில் போய் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, நீங்கள். ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பிப் போய், மூன்று மாதம் பாடம் நடத்திவிட்டுச் சம்பளம் கேட்க வாயில்லாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வேலை விசா கைக்கு வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். இதில் பேரத்துக்கே இடமில்லை.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். உங்களை வேலைக்கு எடுப்பது பல்கலைக்கழகமா, அல்லது பல்கலைக்கழகத்துக்கு ஆள் சப்ளை செய்யும் கம்பெனியா? நான் அங்கே மகளிர் பிரிவில் பாடம் நடத்தியபோது ஒரே ஸ்டாஃப் ரூமில் இரண்டு வகை ஆசிரியைகளும் இருந்தோம். பாடப்புத்தகம் ஒன்று, வகுப்பு ஒன்று, தேர்வுத்தாள் ஒன்று. ஆனால் நேரடி ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு வீட்டு வாடகைப் படி, ஊருக்குப் போய்வர டிக்கெட், கோடை விடுமுறைக்கும் சம்பளம். கம்பெனி வழியாக வந்தவர்களில் பலருக்குக் கோடையில் சம்பளம் கிடையாது. டெண்டர் வேறு கம்பெனிக்குக் கைமாறினால் வேலையே நிச்சயமில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேருமே ‘யுனிவர்சிட்டியில் வேலை’தான். ‘எல்லாம் சேர்த்து 7,500’ என்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சொல்லப்பட்டது இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. அது கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

ஒன்றரை லட்சம் என்ன கணக்கு என்று ஏஜென்டைக் கேளுங்கள். நம் நாட்டு விதிப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவில்லாத ஏஜென்டுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. சவுதித் தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவு, வெளிநாட்டு ஆளை வரவழைக்கும் செலவு, இக்காமா, வேலை அனுமதி, வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு என்கிறது. ஆகவே ‘விசாவுக்குப் பணம் கட்ட வேண்டும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சான்றிதழ் வேலை நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் இழுக்கும். முதலில் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, பிறகு மாநில அரசின் அட்டஸ்டேஷன், அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி தரும் முத்திரை. முன்பெல்லாம் டெல்லியில் சவுதித் தூதரகப் படியும் ஏற வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் முதல் சவுதியும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. இருந்தாலும் வேலை கொடுப்பவர் என்னென்ன முத்திரை கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர் என்று நம்மில் பாதிப் பேர் மூன்று பேராக வாழ்கிறோம். அங்கே படிவத்தில் உங்கள் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். டிகிரி, பாஸ்போர்ட், ஒப்பந்தம் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் திருத்தம் தேவையென்றால் அட்டஸ்டேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். ரியாலின் மதிப்பு 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டிப் போடப்பட்டிருக்கிறது. ஒரு ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,500 ரியால் ஒரு லட்சத்து 72 ஆயிரம் ரூபாய் சொச்சம். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, ஆனால் வாங்குகிற பொருளுக்கு 15 சதவீத வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. வீட்டு வாடகை நீங்கள் கொடுக்க வேண்டுமா, கம்பெனி தங்குமிடம் தருகிறதா என்பதிலேயே கணக்கு தலைகீழாகும். தனியார் கம்பெனி வேலையில் குடும்பத்தை அழைத்துப் போனால் ஒரு தலைக்கு மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும். கணவரும் மகளும் என்றால் வருடத்துக்கு 9,600 ரியால், அதாவது உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார்.

வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் இப்போதே புரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். மூன்று வருடத்துக்கு 11,250 ரியால். ஒப்பந்தக் காலம் முடிந்து வந்தால் அது முழுதாகக் கைக்கு வரும். நடுவில் ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்குதான், 3,750. இரண்டு வருடம் ஆவதற்குள் ராஜினாமா செய்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே கோபத்தில் கடிதம் நீட்டுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

இன்னொரு கசப்பான விஷயமும் உண்டு. உங்களுக்குப் பக்கத்து வகுப்பில் அதே பாடம் நடத்தும் பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க பாஸ்போர்ட்காரருக்கு, வெறும் பி.ஏ.வும் செல்டா எனப்படும் நான்கு வார ஆங்கில ஆசிரியர் பயிற்சியும் இருந்தாலும், உங்களைவிடச் சம்பளம் அதிகமாக இருக்கலாம். விளம்பரங்களில் ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்று வெளிப்படையாகவே போடுவார்கள். இலக்கணம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், சந்தேகம் வந்தால் அவரே உங்களிடம்தான் வந்து கேட்பார். ஆனாலும் சம்பளப் பட்டியல் மாறாது. அந்த அநியாயத்தைத் தினமும் நினைத்துப் புழுங்குகிற சுபாவம் உங்களுக்கு இருந்தால் இந்த வேலை உங்களைத் தின்றுவிடும்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் பிடித்த பகுதி. நீங்கள் போவது பெரும்பாலும் பிரெப்பரேட்டரி இயர் எனப்படும் முதல் வருடத்துக்கு. பள்ளி முடித்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து மேலே அனுப்புகிற வருடம் அது. பிஹெச்.டி.யில் நீங்கள் ஆராய்ந்த நாவலைப் பற்றிப் பேச அங்கே ஆளிருக்காது. ‘ஐ ஸ்டூடன்ட் நியூ’ என்று ஒரு பெண் ஆரம்பிப்பாள். அரபியில் அந்த இடத்தில் ‘ஆம்’, ‘இஸ்’ போன்ற வினை கிடையாது, பெயரடையும் பெயருக்குப் பின்னால்தான் வரும். அவள் தன் மொழியைச் சரியாகத்தான் பேசுகிறாள். எழுதச் சொன்னால் உயிரெழுத்துகளை விழுங்கிவிடுவாள், ஏனென்றால் அரபி எழுத்தில் குறில்களைப் பொதுவாக எழுதுவதில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் அங்கே இல்லை. சிலர் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார்கள். இதையெல்லாம் தவறு என்று சிவப்பு மையில் சுழிக்காமல், எங்கிருந்து வருகிறது என்று பிடித்துக்கொண்டால் ஒரே செமஸ்டரில் முன்னேற்றம் தெரியும்.

பிள்ளைகள் பாசமானவர்கள். ஃபிளாஸ்க்கில் கஹ்வா எனப்படும் அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து, நீங்கள் குடித்த பிறகுதான் பாடம் ஆரம்பிக்க விடுவார்கள். அதே பாசத்தோடு, ‘டீச்சர், கியாப் ப்ளீஸ்’ என்று வருகைப் பதிவேட்டைச் சுற்றி நிற்பார்கள். கியாப் என்றால் ஆப்சென்ட். 25 சதவீதத்துக்கு மேல் ஆப்சென்ட் ஆனால் ‘மஹ்ரூம்’, அதாவது தேர்வு எழுத முடியாது. செமஸ்டர் முடிவில் அழுகை, அம்மாவின் போன், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் வரும். பதிவை அன்றைக்கன்றே கணினியில் ஏற்றிவிடுங்கள், பிறகு உங்கள் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். தர அங்கீகாரத்துக்காக கோர்ஸ் ஃபைல், கோர்ஸ் ரிப்போர்ட் என்று காகிதம் மலையாகக் குவியும். நம் கல்லூரிகளுக்குத் தரம் போட வரும் ‘நாக்’ (NAAC) கமிட்டியைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. மதம், அரசியல், அரச குடும்பம் மூன்றையும் வகுப்பில் தொடவே வேண்டாம்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மகளிர் வளாகம் தனி. வாசலில் காவலுக்கு நிற்பதும் பெண்கள்தான். உள்ளே போனதும் மாணவிகள் உடையின் மேல் போடும் அபாயா என்ற நீள அங்கியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தரை தொடும் பாவாடையில் சிரித்தபடி ஓடுவார்கள். பிளம்பர் வருவதென்றால்கூட முன்கூட்டியே அறிவிப்பு வரும். 2018 ஜூன் முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றி அவர் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. தனிமைதான் கஷ்டம். தென்மேற்கு என்றால் எந்த ஊர் என்று கேளுங்கள். அபஹா கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழையும் குளிருமாக இருக்கும், மலைச் சாலையோரம் பபூன் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். ஜிசான் செங்கடல் ஓரம், வேர்வையில் குளிக்க வேண்டும். வேலை நாட்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை. மகளிடம் பேச நேரம் சுலபமாக அமையும், அங்கே மாலை ஆறு என்றால் இங்கே எட்டரை.

குடும்பத்தை உடனே கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கருத்து. உங்களைச் சார்ந்து வரும் கணவர் தனி அனுமதி இல்லாமல் அங்கே வேலை செய்ய முடியாது. அச்சகத்தை மூடிவிட்டு வந்து நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதரோடு வாழ்வது சம்பளம் இல்லாத மாதத்தைவிடக் கஷ்டம். இந்தியத் தூதரக ஆதரவில் நடக்கும் இன்டர்நேஷனல் இந்தியன் ஸ்கூல்கள் ரியாத், ஜித்தா, தம்மாம், ஜுபைல் போன்ற ஊர்களில் உண்டு. தூரத்து ஊர்களில் பள்ளி எப்படி என்பதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வருடம் தனியாகப் போங்கள். ஏழு வயது மகளை ஒரு வருடம் பிரிந்திருக்க முடியுமா என்பதை மட்டும் நீங்களும் கணவரும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். என்னால் அதற்கு விடை சொல்ல முடியாது.

எத்தனை வருடம் என்பதையும் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். 2005-ல் தொடங்கிய மன்னர் அப்துல்லா உதவித்தொகைத் திட்டத்தில் வெளிநாடு போய்ப் படித்த சவுதிப் பெண்கள் முனைவர் பட்டத்தோடு திரும்பி வந்து அதே துறைகளில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் நாடு, அவர்கள் வேலை. நமக்கான நாற்காலிகள் குறைந்துகொண்டேதான் போகும். ஐந்து வருடத்துக்கு மேல் நான் கணக்குப் போட மாட்டேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் எழுதாமல் இருந்தால் கிளம்புவதற்குள் எழுதிவிடுங்கள், அங்கிருந்தபடி வருடம் ஒரு கட்டுரையாவது வெளியிடுங்கள். வங்கியில் வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கு திறந்து, கடன் இருந்தால் அதை அடைக்கப் போகும் பணத்தையும் சேமிப்பையும் முதல் மாதமே பிரித்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஏஜென்டிடம் போனில் பேசாதீர்கள், மெயில் அனுப்புங்கள். வேலை கொடுப்பவர் யார், விசா எந்த வகை, தங்குமிடமும் கோடைச் சம்பளமும் உண்டா, அவருடைய பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். சவுதிப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. உங்கள் பிஹெச்.டி.க்கு அங்கேதான் மதிப்பு. இந்தக் கல்லூரியில் சம்பளம் இழுத்தடித்தாலும், வேலை விசா கையில் வரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.